அப்பாவுக்குச் சொல்லாத வோல்னட்

கேள்வி: அன்ரி, நான் கோண்டாவில். வயசு 36, ரெண்டு பிள்ளையள். அம்மா செத்து எட்டு மாசம். அப்பாவுக்கு 71, ரிட்டயர் ரீச்சர், எங்களோடதான் இருக்கிறார். ஆளே மாறிப்போனார். விடியப்புறம் மூண்டு மணிக்கு எழும்பி விறாந்தையில குந்தியிருக்கிறார், சாப்பாடு குறைஞ்சு சாரம் இடுப்பில நிக்குதில்லை, பேப்பர் பாக்கிறேல்ல, ரெண்டு மாசமா பூங்கண்டுகளுக்குத் தண்ணியும் விடுறேல்ல. கனடாவில இருக்கிற அக்கா பாச் பிளவர் ரெமெடி எண்டு, ஒவ்வொரு மனநிலைக்கும் ஒவ்வொரு பூவில செய்த துளி மருந்து, 38 போத்தலும் உள்ள பெட்டி அனுப்பினவ. அக்கா, லண்டன் அண்ணா, நான் மூண்டு பேரும் வீடியோ கோல்ல இருந்து கேள்விப் படிவத்தை நிரப்பி ஆறு பூ தெரிஞ்செடுத்தனாங்கள். ஸ்டார் ஒஃப் பெத்லகேம், ஹனிசக்கிள், வைல்ட் ரோஸ், வைற் செஸ்ட்நட், வோட்டர் வயலட், வோல்னட். வோல்னட் ஏனெண்டா அது மாற்றத்துக்கு நல்லதாம், அடுத்த வருஷம் வீட்டை வித்துப்போட்டு அப்பாவை அக்காவிட்டைக் கூப்பிடுறதா இருக்கு, அவருக்கு இன்னும் சொல்லேல்ல. துளியையும் சொன்னாக் குடிக்கமாட்டார் எண்டு காலமைத் தேத்தண்ணியில விட்டுக் குடுக்கிறன். ஒரு மாசமாச்சு, மாற்றமே இல்லை. துளியைக் கூட்டுறதோ? பூவை மாத்துறதோ? மகளின்ர ஸ்கொலஷிப் சோதினைக்கு ரெஸ்கியூ ரெமெடி குடுக்கலாமோ?

பதில்: பிள்ளை, உம்மட மூண்டு கேள்விக்கும் பேந்து வாறன். முதல்ல, கேக்காம ஒரே வரியில சொல்லிப்போட்டு நீர் தாண்டிப்போன விஷயத்தில நிண்டு கதைக்கப்போறன். வோல்னட்.

மற்ற அஞ்சும் எனக்கு விளங்குது. மனுசி போன அதிர்ச்சிக்கு ஸ்டார் ஒஃப் பெத்லகேம், பழசையே நினைச்சுக்கொண்டிருக்கிறவைக்கு ஹனிசக்கிள், என்ன நடந்தாலும் நடக்கட்டும் எண்டு கையை விட்டவைக்கு வைல்ட் ரோஸ், ஒரே யோசினை மண்டைக்குள்ள ஓடிக்கொண்டிருக்கிறவைக்கு வைற் செஸ்ட்நட், தன்ர பாட்டில ஒதுங்கி இருக்கிற ஆக்களுக்கு வோட்டர் வயலட். அஞ்சும் அப்பாவைப் பாத்து எடுத்தது. ஆறாவதை உங்கட பிளானைப் பாத்து எடுத்திருக்கிறியள். இன்னும் நடக்காத, அந்த மனுசனின்ர காதில ஒருத்தரும் போடாத ஒரு மாற்றத்துக்கு அவரைப் பழக்கிறதுக்கு காலமை காலமை தேத்தண்ணியில துளி விடுறியள், இது எனக்கு நெஞ்சில குத்துது பிள்ளை, நான் மென்மையா எழுதமாட்டன்.

அந்தப் பூவை அதைக் கண்டுபிடிச்ச மனுசன் ஆருக்குச் சொன்னவர் எண்டாவது பாத்தனீங்களோ? எட்வேர்ட் பாச் 1886 இல இங்கிலாந்தில பிறந்த வைத்தியர், லண்டனில நல்ல தொழில் இருந்ததை 1930 இல விட்டுப்போட்டு நாட்டுப்புறத்தில பூ பூவாத் தேடித் திரிஞ்சவர், 1936 இல செத்துப்போனார். வோல்னட்டை அவர் எழுதி வைச்சது இப்பிடி: தன்ர வாழ்க்கையில தனக்கெண்டு ஒரு பாதையும் பிடிப்பும் உள்ள ஆள், சில நேரம் மற்றவையின்ர ஆர்வத்தாலயும் பலமான அபிப்பிராயத்தாலயும் தன்ர வழியை விட்டு இழுபடுற நேரம், வெளியில இருந்து வாற அந்தச் செல்வாக்கில இருந்து அவரைக் காக்கிறதுக்கு. மாறுற காலத்துக்கு நல்லது எண்டு சொல்லுறது சரிதான், ஆனா அதுக்குள்ள கிடக்கிற எண்ணம் இதுதான். அப்ப அந்தத் துளி உண்மையிலயே வேலை செய்யுமெண்டா, அது உங்கட அப்பாவை ஆரிட்டை இருந்து காப்பாத்தோணும்? வீடியோ கோல்ல இருந்த மூண்டு பேரிட்டை இருந்து.

அந்தப் படிவத்தை நிரப்பினது மூண்டு பேர். அதில அப்பா இல்லை. பாச் இன்ர முறையில ஆள் தானே தன்ர மனநிலையைச் சொல்லித்தான் பூ தெரியிறது. இண்டைக்கு இப்ப எனக்கு எப்பிடி இருக்கு எண்டு ஆள் வாய் திறக்கிறதுதான் அதில முக்கால்வாசி, அதாலதான் பூவை நம்பாத ஆக்கள்கூட அந்த 38 மனநிலையையும் இருந்து வாசிச்சா தன்னைப் பற்றி ஏதோ ஒண்டு பிடிபட்டுது எண்டு சொல்லுறவை. நீங்கள் அந்த முக்கால்வாசியை வெட்டி எறிஞ்சுபோட்டு தண்ணியை மட்டும் குடுக்கிறியள். கனடாவில இருக்கிற அக்காவுக்கு அப்பா விடிய மூண்டு மணிக்கு என்ன யோசிக்கிறார் எண்டு எப்பிடித் தெரியும்? உமக்குத் தெரியுமோ? அடுத்த அறையில படுக்கிற நீர் எழும்பி வந்து பக்கத்துக் கதிரையில இருந்து, என்னப்பா நித்திரை வரேல்லையோ எண்டு கேட்ட ஒரு நாளாவது கடிதத்தில இருக்குமோ எண்டு திருப்பித் திருப்பி வாசிச்சன். இல்லை.

துளியைக் கூட்டுறதோ எண்டு கேட்டனீர். அந்தத் துளியில என்ன கிடக்கு எண்டு தெரிஞ்சா இந்தக் கேள்வி வராது. வோல்னட், ஹனிசக்கிள் மாதிரி உள்ளதுகளை அரை மணித்தியாலம் தண்ணியில அவிச்சு வடிப்பினம், வேற சில பூவைக் கண்ணாடிக் கோப்பைத் தண்ணியில மிதக்கவிட்டு மூண்டு மணித்தியாலம் வெய்யிலில வைப்பினம், அந்தத் தண்ணியோட அதே அளவு பிராண்டி. அதில ரெண்டு துளியை 30 மில்லி பிராண்டியில விட்டதுதான் உங்கட பெட்டியில உள்ள போத்தல். அதிலயும் ரெண்டு துளியைத் திருப்பி 30 மில்லி தண்ணியில கலந்து, ஒரு நேரம் நாலு துளி, நாளைக்கு நாலு தரம் குடிக்கிறதுதான் வழக்கமான அளவு. பூவின்ர சத்து எண்டு அதில சொல்லக்கூடியதா ஒண்டும் மிஞ்சாது. 2010 இல எட்சார்ட் ஏர்ன்ஸ்ட் எண்ட பேராசிரியர் ஒழுங்கா நடந்த பரிசோதினை எல்லாத்தையும் சேர்த்துப் பாத்து, சும்மா துளி குடிச்ச ஆக்களுக்கும் பூத்துளி குடிச்ச ஆக்களுக்கும் வித்தியாசம் இல்லை எண்டுதான் எழுதினவர்.

எண்டாலும் குடிச்சுச் சுகம் வந்தது எண்டு சொல்லுறவை பொய் சொல்லுறேல்ல. என்னை ஒராள் கவனிக்குது, எனக்கெண்டு ஒண்டு செய்யுது, நானும் எனக்கெண்டு ஒண்டு செய்யிறன் எண்ட நினைப்பு மனுசரை எழுப்பும், அதுக்குப் பெலன் இருக்கு. ஆனா அந்தப் பெலன் வாறதுக்கு ஆளுக்குத் தெரியவேணும் பிள்ளை! தெரியாமக் குடிக்கிற அப்பாவுக்கு ஆரும் கவனிக்கினம் எண்ட நினைப்பு எங்கையிருந்து வரும்? அவருக்குத் தெரிஞ்சது தேத்தண்ணி மட்டும்தான். துளியைக் குடுத்து அதில வரக்கூடிய ஒரே ஒரு நன்மையையும் நீரே கையால மறிச்சு வைச்சிருக்கிறீர், அதால கூட்டியும் பிரயோசனமில்லை மாத்தியும் பிரயோசனமில்லை.

பிராண்டி எண்டதையும் விடமாட்டன். போத்தலில உள்ளது 27 வீதம் அளவில மதுசாரம். நாலு துளியில அது ஒண்டுமே இல்லை, உடம்புக்கு ஒண்டும் செய்யாது, அதில பயப்படத் தேவையில்லை. ஆனா அப்பா வெள்ளி செவ்வாய் விரதம் பிடிக்கிறவரோ, வாழ்நாளில குடி தொடாதவரோ எண்டு நீர் எழுதேல்ல, யோசிச்சிருக்கவும் மாட்டீர் எண்டு நினைக்கிறன். எவ்வளவு எண்டதை விடும். எதைத் தன்ர வாயில வைக்கிறன் எண்டு தீர்மானிக்கிற உரிமை 71 வயசு வாத்தியாருக்கு இருக்கோ இல்லையோ? குழந்தைப்பிள்ளைக்கு மாத்திரையை வாழைப்பழத்துக்குள்ள ஒளிக்கிற மாதிரி இந்த மனுசனுக்குச் செய்யேலாது. எத்தினை பிள்ளையளுக்கு எழுத்தறிவிச்ச மனுசன்.

சரி, இப்ப நான் சொல்லுறதை வடிவாக் கேளும். அப்பாவுக்குத் தெரியாது எண்டு நீங்கள் நினைக்கிறியள். எனக்கு அப்பிடித் தெரியேல்ல. எட்டு மாசம் துக்கம், ஆனா பூங்கண்டுக்குத் தண்ணி விடாம விட்டது ரெண்டு மாசம். அப்ப மனுசி செத்து ஆறு மாசம் வரைக்கும் அந்தக் கையால வாளி தூக்கினவர். ரெண்டு மாசத்துக்கு முதல் என்ன நடந்தது எண்டு நீரே யோசியும். புறோக்கர் ஆரும் வளவு பாக்க வந்தவையோ, லண்டன் அண்ணா ஸ்பீக்கரில விலை கதைச்சவரோ, வீட்டு உறுதி எங்கை கிடக்கு எண்டு அலுமாரியைக் கிண்டினியளோ? எங்கட ஊரில வீடு விக்கிற கதை மதிலுக்குள்ள நிக்கிற கதையில்லை, வீட்டுக்காரர் வாய் திறக்க முதல் கடையடியில விலை பேசி முடிஞ்சிருக்கும். தெரிஞ்சுகொண்டுதான் அவர் பேசாம இருக்கிறார் எண்டால், நீங்கள் சொல்லாம விட்டதையும் சேர்த்துத்தான் மூண்டு மணிக்கு விறாந்தையில இருந்து யோசிக்கிறார். விக்கப்போற வளவில பூங்கண்டுக்கு ஏன் தண்ணி?

அதோட இன்னொண்டு. உங்கட வீடு அம்மான்ர சீதன வீடோ? கோண்டாவில் பக்கத்தில பழைய வீடு எண்டால் அனேகமா அப்பிடித்தான் இருக்கும். அப்பிடியெண்டா இன்னும் மோசம். நாப்பது வருஷம் அந்த முத்தத்தில நடந்த ஆம்பிளை, மனுசி கண்ணை மூடின அண்டைக்கே இது இனி என்ர வீடு இல்லை, பிள்ளையளின்ரது, நான் வாய் திறக்கக்கூடாது எண்டு தன்னைத்தானே ஒதுக்கிக்கொள்ளுவார். கேட்டாச் சொல்லாயினம் அந்தத் தலைமுறை ஆக்கள். உறுதியில ஆரின்ர பேர் கிடந்தாலும் அவர் உயிரோட இருக்கும் வரைக்கும் அவர் சம்மதம் இல்லாம அந்த வீட்டில ஒரு ஓடும் கழட்டக்கூடாது, இதுதான் என்ர முடிவு, சட்டம் எப்பிடியும் இருக்கட்டும். அம்மான்ர ஆட்டைத் திவசம்கூட இன்னும் முடியேல்ல. என்ன அவசரம்?

அக்காவும் அண்ணாவும் கெட்ட பிள்ளையள் எண்டு நான் சொல்லேல்ல. தூரத்தில இருந்து தவிக்கிறவைக்கு எதையாவது பார்சலில போட்டாத்தான் மனம் ஆறும், போன மாசமும் இதே மாதிரி ஒரு பெட்டிக் கதையோட எனக்குக் கடிதம் வந்தது, வேற ஊர், வேற மாத்திரை, அதே தவிப்பு. ஆனா தவிப்பு எண்டுறது கடமையைச் செய்த கணக்கில வராது. கடமை எண்டால் தகப்பனோட நேர கதைக்கிறது, அவர் முகம் சுழிச்சாலும், அழுதாலும், ஏசினாலும்.

இப்ப செய்ய வேண்டியது. நாளைக்குக் காலமை தேத்தண்ணியில ஒண்டும் விடாதையும். போத்தல் பெட்டியை அவருக்கு முன்னால வைச்சு, அக்கா அனுப்பினவ அப்பா, உங்களுக்குச் சொல்லாம ஒரு மாசம் தந்தனான் எண்டு சொல்லும். கோவிப்பார். கோவிக்கட்டும், இவ்வளவு நாளா ஒண்டுக்கும் அசையாத மனுசன் கோவிச்சா அதுவும் நல்லதுதான். அதுக்குப் பிறகு விருப்பமெண்டா அவரே இருந்து அந்த 38 ஐயும் வாசிச்சுத் தனக்கு எது எண்டு தெரிஞ்செடுக்கட்டும், ஆறு ஏழுக்கு மேல ஒண்டாக் கலக்கிற வழக்கம் இல்லை, பிராண்டி வேண்டாமெண்டால் கிளிசரினில செய்ததும் இருக்கு. விருப்பமில்லை எண்டால் பெட்டியை மூடி வையும், அதைப்பற்றித் திரும்பக் கதைக்கவேண்டாம்.

ஆனா பூ ஒரு பக்கம் இருக்கட்டும், விடியப்புறம் மூண்டு மணிக்கு முழிப்பு, மெலிவு, பேப்பர்கூடப் பாக்க மனமில்லை, இதெல்லாம் சேர்ந்து வாறது வெறும் கவலை எண்டு விடக்கூடிய விஷயம் இல்லை. மனச்சோர்வு நோயா இருக்கலாம், தைரொயிட், சீனி வருத்தம் மாதிரி உடம்பு வருத்தமாயும் இருக்கலாம். இந்தக் கிழமையே வழமையாக் காட்டுற டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் சோதிச்சு, யாழ் போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கடிதம் வாங்கும். ஊர்ச்சனம் விசர் எண்டு கதைக்கும் எண்டு நிக்காதையும், அங்க உங்கட ஊர் வாத்தியார்மாரும் வரிசையில இருக்கினம். பாமசியில நித்திரைக் குளிசை வாங்கிக் குடுக்கிற வேலையும் வேண்டாம். இருந்து என்ன பிரயோசனம் எண்ட மாதிரி அவர் ஏதும் கதைச்சவரோ எண்டு நேரடியாவே கேளும், கேட்டா அந்த எண்ணம் புதுசா வந்திடாது. ஓம் எண்டால் அவரைத் தனிய விடாம அண்டைக்கே ஆசுப்பத்திரிக்குப் போங்கோ, இடையில 1926 க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின்ர இலக்கம், 24 மணித்தியாலமும் எடுப்பினம்.

மகளுக்கு ரெஸ்கியூ வேண்டாம். அது அஞ்சு பூவின்ர கலவை, அதிலயும் பிராண்டி. சோதினைக்கு முதல் நாள் வெள்ளணப் படுக்க விடும், காலமை வயிறு நிறையக் குடும், அவ்வளவும் போதும்.

வாற ஞாயிற்றுக்கிழமை அதே மூண்டு பேரும் வீடியோ கோல்ல வாங்கோ, இந்தமுறை ஃபோனுக்கு முன்னால கதிரையில அப்பா இருக்கவேணும். அக்கா தன்ர வாயால சொல்லட்டும், அப்பா நாங்கள் வீட்டை வித்துப்போட்டு உங்களை இங்க கூப்பிட யோசிச்சனாங்கள், உங்களுக்கு என்ன விருப்பம் எண்டு. சொல்லிப்போட்டு மூண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ, அவர் எவ்வளவு நேரம் பேசாம இருந்தாலும். அவர் இல்லை எண்டு சொன்னா, விசா அலுவலையும் விலை பேசுறதையும் அண்டைக்கே நிப்பாட்டுங்கோ. ஓம் எண்டு சொன்னாலும் ஆட்டைத் திவசம் முடிஞ்சு, அந்த ஓமை அவர் ரெண்டாம் தரம் சொல்லும் வரைக்கும் புறோக்கருக்குக் கோல் எடுக்காதையுங்கோ.