பாட்டிலைக் காட்டுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

விஸ்கி குறித்து நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். இரவில் தூங்குவதற்கு முன் விஸ்கி வீடியோக்கள் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அதில் ஒருவர் மேல் நம்பிக்கை அதிகம். கத்தமாட்டார், அடக்கமாகப் பேசுவார். அவர் ஒரு பர்பனை, அதாவது மக்காச்சோளம் முக்கியமாகச் சேரும் அமெரிக்க விஸ்கியை, வாயில் வைத்துவிட்டு, இந்த ஆண்டு குடித்ததிலேயே இதுதான் சிறந்தது என்று கண்ணை மூடினார். அதைத் தேடி அலைந்து, கடை விலையைப் போல நான்கு மடங்கு கொடுத்து ஒரு தனிநபரிடம் வாங்கினேன். குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவுதான். அவர் சொன்ன செர்ரிப் பழ வாசனையும் பதனிட்ட தோல் வாசனையும் எனக்கு வரவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த வடிசாலையின் செலவிலேயே அவர் அங்கே போய்வந்திருக்கிறார். இந்த இன்ஃப்ளூயன்சர்கள் எல்லோருமே விலைபோனவர்கள்தானா? அல்லது என் நாக்கு சரியில்லையா? முக்கால் பாட்டில் மீதி இருக்கிறது. வாங்கிய விலைக்கே விற்றுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

நாக்கிலிருந்து தொடங்குகிறேன், அது சுலபம். அதில் ஒரு குறையும் இல்லை. நான்கு மடங்கு பணம் கொடுத்த பிறகும் ‘நன்றாகத்தான் இருந்தது, அவ்வளவுதான்’ என்று சொல்ல முடிந்திருக்கிறதே, பலரால் அது முடியாது. கொடுத்த பணத்தை வீணாக்க மனமில்லாமல் செர்ரியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிரான்சின் போர்தோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு, மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் வாசனைகளையே அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. கண் சொன்னதை மூக்கு நம்பிவிட்டது. உங்கள் விஷயத்தில் காது சொல்லியும் மூக்கு நம்பவில்லை. அதற்காக வருத்தப்படாதீர்கள்.

விலைபோனவர்களா என்று கேட்டீர்கள். பெரும்பாலானவர்கள் இல்லை என்றே நினைக்கிறேன். இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், விலைபோயிருந்தால் அடையாளம் காண்பது எளிதாக இருந்திருக்கும். நடப்பது வேறு. பெட்டி ஒன்று வந்து சேரும். உள்ளே ஒரு பாட்டில், கைப்பட எழுதிய ஒரு அட்டை. இன்னதைச் சொல் என்று அட்டையில் இருக்காது. பிடித்திருந்தால் வீடியோ வரும். சுமாராக இருந்தால்? பாட்டில் அலமாரிக்குப் போய்விடும், அவ்வளவுதான். யாரும் தொலைபேசியில் மிரட்டுவதில்லை. ஆனால் காட்டமாகத் திட்டி ஒரு வீடியோ போட்டால் அடுத்த பெட்டி வராமல் போகலாம் என்பது அவருக்கும் தெரியும், அனுப்பியவருக்கும் தெரியும். ஆகவே அவர் பொய் சொல்லத் தேவையே இல்லை. வாயை மூடிக்கொண்டால் போதும். அவருடைய பக்கம் முழுக்க நூற்றுக்கு 85க்கும் 93க்கும் இடைப்பட்ட மதிப்பெண்களாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். சொன்னதெல்லாம் உண்மைதான். சொல்லாததுதான் கணக்கில் வராது.

இலவசமாகப் பெற்றதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டுதல்கள். பிரிட்டனிலும் விளம்பரம் என்றால் விளம்பரம் என்று போட்டாக வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் எடுக்காமல் விட்ட வீடியோவில் எந்த அறிவிப்பைப் போடுவது?

அந்தப் பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருட்டான, குளிர்ந்த கிடங்கு. பொறுப்பாளர் பீப்பாயின் அடைப்பைத் தட்டி எடுக்கிறார், நீண்ட குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி, நேராகக் கண்ணாடிக் குவளையில் விடுகிறார். தண்ணீர் கலக்காதது, 60 சதவீதத்துக்கும் மேல் இருக்கலாம். அதை உருவாக்கியவரே பக்கத்தில் நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் யாருக்குத்தான் கண் மூடாது? அவர் நடித்திருக்க மாட்டார். அவர் அங்கே குடித்தது ஒரே பீப்பாயின் சரக்கு. பல பீப்பாய்களைக் கலந்து, தண்ணீர் சேர்த்து, கடைக்கு அனுப்பியதே உங்களிடம் வந்தது. இரண்டுக்கும் ஒரே லேபிள்.

எனக்கு இதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. விஸ்கியில் படம் எடுக்கத் தகுந்தது குறைவு. மணத்தைக் காட்ட முடியாது, சுவையைக் காட்ட முடியாது. மிஞ்சுவது பாட்டில். ஆகவே பாட்டிலைக் காட்டுகிறார்கள். கடையிலிருந்து வெளியே வந்ததும், வீடு போய்ச் சேரும்வரைகூடப் பொறுக்காமல், காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மடியில் வைத்து எடுக்கும் படம் பர்பன் உலகில் தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. பிளாண்டன்ஸ் பர்பனின் மூடியில் குதிரையும் அதை ஓட்டுபவருமாக ஒரு சிறிய உலோகச் சிலை இருக்கும். மொத்தம் எட்டு வகை, ஓட்டத்தின் எட்டு நிலைகள். ஒவ்வொன்றிலும் ஆங்கிலப் பெயரின் ஓர் எழுத்து. கடைசி எழுத்தில் வீரர் வெற்றிக் களிப்பில் கையை உயர்த்தியிருப்பார். ஒரே பீப்பாயிலிருந்து நிரப்பி விற்பனைக்கு வந்த முதல் பர்பன் என்ற பெருமை, 1984 முதல், அதற்கு உண்டு. ஆனால் நான் பார்க்கும் பதிவுகளில் பீப்பாயைப் பற்றிப் பேச்சில்லை. எட்டில் ஏழு சேர்ந்துவிட்டது, ஓர் எழுத்து யாரிடமாவது இருக்கிறதா என்பதே பேச்சு. நிறமும் இப்படித்தான். திரையில் கருத்த விஸ்கி எடுப்பாகத் தெரியும். பர்பனில் நிறம் சேர்க்கக் கூடாது, ஸ்காட்சில் கேரமல் நிறமி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. ஒரு ஸ்காட்சை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, இந்த நிறத்தைப் பாருங்கள் என்று ஒருவர் உருகும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

காசு வாங்காதவர்கள் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். பாப்பி வான் விங்கிள் என்ற அரிய பர்பன் கிடைக்காதவர்கள் வெல்லர் என்ற பர்பனை வாங்குங்கள், அதே வடிசாலை, ரை தானியத்துக்குப் பதில் கோதுமை சேர்க்கும் அதே செய்முறை என்று பர்பன் பிரியர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பைசா வாங்காமல் சொன்ன, உண்மையான யோசனை. விளைவு, சாதாரணமாக அலமாரியில் கிடந்த வெல்லரும் காணாமல் போனது. சமூக ஊடகத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. 2014 இறுதியில் ஒரு பிரிட்டிஷ் விமர்சகர் ஜப்பானின் யமசாகி வடிசாலை ஷெர்ரி ஒயின் பீப்பாயில் முதிரவைத்த விஸ்கியை உலகிலேயே சிறந்தது என்று தன் ஆண்டுக் கையேட்டில் அறிவித்ததும் அதன் விலை தாறுமாறாக ஏறியது.

இத்தனைக்கும் விஸ்கிக்குப் பஞ்சமா என்றால், கிடையாது. கென்டக்கியில் மட்டும் 2024இல் 1.4 கோடி பீப்பாய்களுக்கு மேல் முதிர்ந்துகொண்டிருந்தன. அந்த மாநிலத்தின் மக்கள்தொகை 50 லட்சத்தைத் தொடவில்லை. பஞ்சமெல்லாம் சில லேபிள்களுக்குத்தான். அந்த லேபிள் மோகம் எதுவரை போகும் என்பதற்கு ஓரிகன் மாநிலத்தைப் பாருங்கள். அரசின் மதுக் கட்டுப்பாட்டு ஆணைய அதிகாரிகளே பாப்பி வான் விங்கிள் போன்ற அரிய பாட்டில்களைத் தங்களுக்கென்று ஒதுக்கி வாங்கியிருந்தது வெளியே வந்து, 2023 பிப்ரவரியில் அதன் இயக்குநர் பதவி விலகினார். பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். வரிசையில் நிற்கவில்லை, அதுதான் குற்றம்.

வீடியோ பார்ப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன். நானும் பார்க்கிறேன். பேசுகிறவரை விட்டுவிட்டு அவருக்குப் பின்னாலிருக்கும் அலமாரியைப் பாருங்கள். எல்லாப் பாட்டிலும் கழுத்துவரை நிறைந்து, முத்திரை பிரியாமல் இருந்தால் அவர் சேகரிப்பாளர்; அவரிடம் விலை நிலவரம் கேட்கலாம், சுவை கேட்க வேண்டாம். சில பாட்டில்கள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், அவை எவை என்று கவனியுங்கள். பெரும்பாலும் அவர் வீடியோவில் புகழாத, விலை மலிந்த பாட்டில்களாகவே இருக்கும். அப்புறம், ஏதாவது ஒன்றை வாங்காதீர்கள் என்று பெயர் சொல்லிச் சொல்லியிருக்கிறாரா என்று தேடுங்கள். நாள் தவறாமல் பதிவிடுகிறவர் நாள் தவறாமல் குடிக்கவும் வேண்டியிருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அது பொழுதுபோக்கு இல்லை.

விற்கும் யோசனையை விடுங்கள். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாமல் மது விற்பது சட்டவிரோதம். 2019இல் ஃபேஸ்புக்கும் தனிநபர் மது விற்பனைக் குழுக்களைத் தடைசெய்தது. அதைவிட, திறந்த பாட்டிலை யார் நம்பி வாங்குவார்கள்? பெயர் பெற்ற பர்பன்களின் காலிப் பாட்டிலுக்கே விலை கொடுக்க ஆள் இருக்கிறது. எதற்கென்று ஊகித்துக்கொள்ளுங்கள். தனிநபரிடம் வாங்கிய உங்கள் பாட்டிலில் என்ன இருந்தது என்ற கேள்வியை நான் எழுப்பப் போவதில்லை.

அதே வடிசாலையின் சாதாரண விலைப் பாட்டில் ஒன்றை வாங்குங்கள். இரண்டையும் வேறொருவர் ஊற்றிக் கொடுக்கட்டும், எது எதுவென்று சொல்லாமல். எதை மறுபடி கேட்கிறீர்கள் என்று பாருங்கள். மீதியை நிற்கவைத்தே வையுங்கள். ஒயின் போலப் படுக்கவைத்தால் சாராயம் கார்க்கை அரித்துவிடும். வெயில் படாத இடமென்றால் மாதக்கணக்கில் கெடாது, அவசரமில்லை.

அன்புடன்.