விரிவுரையில் விளங்குது, கையில் வருகுதில்லை

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். உயர்தரம் பௌதிக விஞ்ஞானப் பிரிவு, தமிழ் மூலம். இந்த அரையாண்டில் தரவுக் கட்டமைப்புகளும் அல்கோரிதங்களும் என்ற பாடம். சேர் பலகையில் செய்து காட்டும்போது எல்லாம் விளங்குகிறது. வீட்டுக்கு வந்து வெறும் திரையைத் திறந்தால் ஒரு வரியும் வருவதில்லை. அசைன்மென்ட் எல்லாம் ஏஐயிடம் கேட்டுத்தான் முடிக்கிறேன். இடைப் பரீட்சையில் 100க்கு 34. உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொழில்நுட்பப் பாடம்) எடுத்த பெடியள் ஆய்வுகூடத்தில் அரை மணியில் முடித்துவிட்டு ரீ குடிக்கப் போய்விடுகிறார்கள். எண்களை வரிசைப்படுத்த, அதாவது சோர்ட் செய்ய, ஒரு வரி ஃபங்ஷன் இருக்கும்போது நாங்கள் ஏன் இதையெல்லாம் எழுத வேண்டும்? அம்மா ‘பாடமாக்கி எழுதிப் பாஸ் பண்ணு’ என்கிறா. எனக்கு இதற்கான மூளை இல்லையோ? வேறு பாடத்துக்கு மாறலாமா? இறுதிப் பரீட்சைக்கு இன்னும் 7 கிழமை.
கொக்குவில் வாசகி

பதில்: தங்கச்சி, அந்த 34ஐ முதலில் முடித்துவிடுவோம். இதே பாடத்தில் நான் முதல் தடவை எடுத்தது 29. ரிப்பீட் எழுதித்தான் தாண்டினேன். அதற்குப் பிறகு இருபது வருடமாக இந்தத் தொழிலில்தான் சோறு சாப்பிடுகிறேன். ஒரு இடைப் பரீட்சையை வைத்து மூளையை அளக்காதீர்கள். மாறுகிற முடிவையும் 7 கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.

பலகையில் சேர் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ‘ஓம், சரி’ என்று தலையாட்ட உங்களால் முடிகிறது. அடுத்த அடி ஏன் அங்கே விழுந்தது என்பது அவருடைய தலைக்குள் நடக்கிற காரியம், அது பலகைக்கு வருவதில்லை. அம்மா இடியப்பத்துக்கு மா குழைப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். கொதிதண்ணீர் எவ்வளவு விடுவது என்று உங்கள் கைக்குத் தெரிய வேண்டுமென்றால் ஒரு நாளாவது மா களியாகிப் போக வேண்டும். உங்களுக்கு அந்தக் களி நாட்கள் இன்னும் வரவில்லை. வரவேண்டிய நாட்களை எல்லாம் ஏஐ வாங்கிக்கொண்டுவிட்டது.

ஆகவே கொஞ்ச நாளைக்கு மடிக்கணினியை மூடுங்கள். ஒரு கொப்பி, பென்சில், அழிறப்பர். எங்கள் காலத்தில் ஆய்வுகூடத்தில் ஒரு கணினிக்கு மூன்று பேர். என் முறை வருமுன் கடதாசியிலேயே ஓட்டிப் பார்த்துவிடுவேன். அன்றைக்கு அது வறுமை என்றுதான் நினைத்தேன்.

லிங்க்ட் லிஸ்றில் தொடங்குங்கள். முதல் தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான். எங்கள் ஊர் ஒழுங்கைகளில் வீடு தேடுவது எப்படி? முதல் வீட்டில் கேட்டால், ‘அடுத்த வளவில் கேளுங்கோ’ என்பார்கள். அந்த வளவுக்காரருக்கு அதற்கு அடுத்த வீடு மட்டும் தெரியும். ஐந்தாவது வீட்டுக்குப் போக நாலு படலையையும் தட்டத்தான் வேண்டும். அதுதான் லிங்க்ட் லிஸ்ற். ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்த வீட்டின் விலாசம் மட்டும் தெரியும், அந்த விலாசம்தான் பொயின்ரர். அரே வேறு மாதிரி. வரிசையாக இலக்கம் போட்ட கடைத்தொகுதி போல, 57ஆம் கடை என்றால் நேரே போய் நிற்கலாம். ஆனால் நடுவில் புதுக் கடை ஒன்றைச் செருக வேண்டுமென்றால், அதற்குப் பிறகு உள்ள அத்தனை பேரும் சாமான் தூக்கிக்கொண்டு ஒரு கதவு தள்ளிப் போகவேண்டும்.

சரி, ஒழுங்கையில் இரண்டாம் வீட்டுக்கும் மூன்றாம் வீட்டுக்கும் இடையில் ஒரு புது வீடு வருகிறது. இரண்டாம் வீட்டுக்காரரிடம் போய், ‘இனி உங்களுக்கு அடுத்தது இந்தப் புது வீடு’ என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள் என்று வையுங்கள். பழைய மூன்றாம் வீடு எங்கே என்று தெரிந்திருந்த ஒரே ஆள் அவர்தான். அவரும் இப்போது அதை மறந்துவிட்டார். அதற்கு அப்பால் உள்ள முழு ஒழுங்கையும் போய்விட்டது! வீடுகள் மெமரியில் அப்படியேதான் இருக்கும், போக வழி சொல்ல ஆள் இல்லை. ஆகவே புது வீட்டுக்காரர் முதலில் இரண்டாம் வீட்டில் கேட்டு மூன்றாம் வீட்டின் விலாசத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் இரண்டாம் வீட்டுக்காரர் தன் கொப்பியைத் திருத்தலாம். புரோகிராம் கோட்டில் இது இரண்டே வரி. முன்பின் மாறினால் எல்லாம் போச்சு.

இதை நான் சொல்லி நீங்கள் வாசித்தால் மறுபடியும் தலையாட்டல்தான். பெட்டிகளும் அம்புக்குறிகளும் வரைந்து, பிழையான ஒழுங்கில் ஒருமுறை வேண்டுமென்றே செய்து, அம்பு அறுந்துபோவதைக் கண்ணால் பாருங்கள். அப்புறம் சரியான ஒழுங்கில். அப்புறம் தலையில் செருகுங்கள், அங்கே முன்வீடு என்று ஒன்று இல்லை. அப்புறம் வாலில். கடைசியாக ஒரு வீடும் இல்லாத வெறும் ஒழுங்கையில். பரீட்சையில் மாணவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இந்த வெறும் ஒழுங்கையில்தான். ஐந்து படமும் கொப்பியில் இருந்தால் கோட் எழுதுவது படத்தைப் பார்த்து எழுதுகிற வேலை.

அடுத்தது, சோர்ட் ஏன் எழுத வேண்டும் என்ற உங்கள் கேள்வி. நியாயமான கேள்வி. வேலைக்குப் போனால் நீங்களாக ஒரு சோர்ட் எழுதப் போவதில்லை, நானும் எழுதியதில்லை. ஆனால் 7, 3, 9, 1 என்ற நான்கு எண்களை, ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் உள்ளவற்றை நகர்த்திச் செருகும் இன்சேர்ஷன் சோர்ட்டில் கையால் ஓட்டிப் பாருங்கள். 3ஐ இடத்தில் வைக்க ஒரு எண் நகர்கிறது. 9க்கு ஒன்றும் நகரவில்லை. 1க்கு மூன்று. மொத்தம் 4. இப்போது 9, 7, 3, 1 என்று தலைகீழாகக் கொடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, மொத்தம் 6. பத்து எண் தலைகீழாக வந்தால் 45. நூறு வந்தால் 4,950. எண்கள் பத்து மடங்கானபோது வேலை நூறு மடங்கை ஒட்டிப் போகிறது. தரவு கூடக் கூட வேலை எப்படிக் கூடும் என்பதைத்தான் பிக் ஓ என்று பயமுறுத்துகிறார்களே, அதை இப்போது நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். 1 இலட்சம் எண்கள் தலைகீழாக வந்தால் கிட்டத்தட்ட 500 கோடி நகர்வு. அதே 1 இலட்சத்தைப் பாதி பாதியாகப் பிரித்துச் சேர்க்கும் மேர்ஜ் சோர்ட்டில் ஏறத்தாழ 17 இலட்சம் ஒப்பீடு போதும். கணித அறிஞர் ஜான் வொன் நொய்மன் அதை யோசித்தது 1945இல். அந்த ஒரு வரி ஃபங்ஷனுக்குள் எது ஒளிந்திருக்கிறது, உங்கள் தரவுக்கு அது தாங்குமா என்று தெரிவதற்குத்தான் இந்தப் பாடம். வேலை நேர்முகங்களில் இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பது இரண்டாவது காரணம். அதையும் மறைப்பானேன்.

ஃபங்ஷன் தன்னைத்தானே அழைக்கும் ரிகர்ஷனுக்கும் இதே வைத்தியம். முந்திய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் பிபனாச்சி வரிசையில் 5ஆவதைக் கணிக்கும் ஃபங்ஷன் தன்னை எத்தனை தரம் அழைக்கிறது என்று கிளை கிளையாக வரையுங்கள். 0, 1 இரண்டிலும் நிறுத்தினால் 15 வட்டம் வரும், அதில் பிபனாச்சி 2 மட்டும் மூன்று இடத்தில் இருக்கும். ஒரே கணக்கை மூன்று தரம் செய்கிற முட்டாள்தனம் படத்தில் பளிச்சென்று தெரியும். 40ஆவதற்கு வரைய வெளிக்கிடாதீர்கள், 33 கோடியே 11 இலட்சத்துக்கும் அதிகமான வட்டம். கண்ட விடையை ஒரு அரேயில் குறித்து வைத்துக்கொண்டு போனால் 41 பெட்டியோடு முடிந்தது.

கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் ஸ்ராக், முதலில் வந்ததை முதலில் எடுக்கும் கியூ இரண்டும் லேசு, ஒரு பின்னேரம் போதும். இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கும் ஹாஷ் ரேபிளுக்கு இரண்டு பின்னேரம். அவற்றுக்கு உவமை தேடி அலைய வேண்டாம். இடியப்பத் தட்டு அடுக்கு, கோயில் வரிசை என்று எல்லோரும் சொல்லுவார்கள், ஆனால் பரீட்சைத் தாளில் தட்டு வராது.

ஐசிடி பெடியளைப் பற்றி. உயர்தரத்தில் அவர்கள் பைதன் எழுதிப் பழகியிருப்பார்கள். அடைப்புக்குறி எங்கே வரும், லூப் எப்படி ஓடும் என்பதில் உங்களைவிட இரண்டு வருடம் முன்னுக்கு. அந்த இடைவெளி கை வேகத்தில் மட்டும்தான். கணிதப் பிரிவிலிருந்து வந்த நீங்கள் தொகுத்தறிதல் முறையில் நிறுவல் எழுதியவர். ரிகர்ஷனும் அதே ஆள், வேறு சட்டை. கிளை கிளையாகப் பிரியும் ‘மரம்’ என்ற கட்டமைப்பு வரும் கிழமையில் அவர்களில் சிலர் உங்கள் கொப்பியைக் கேட்டு வருவார்கள், பாருங்கள்.

பிழை விடுகிற பயத்துக்கு ஒரு கதை. வரிசைப்படுத்திய பட்டியலில் நடுவைப் பார்த்துப் பாதியைக் கழித்துத் தேடுகிற பைனரி சேர்ச் உங்கள் பாடத்தில் வந்திருக்கும். 10 இலட்சம் பேரில் ஒருவரைத் தேட 20 பார்வை போதும். அவ்வளவு எளிமையான விஷயம், ஆனால் ஜாவா மொழியோடு வரும் நூலகத்தில் இருந்த பைனரி சேர்ச்சிலேயே ஒரு பிழை வருடக்கணக்காக ஒளிந்திருந்து 2006இல் வெளியே சொல்லப்பட்டது. நடுவைக் கண்டுபிடிக்க இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்கள். பட்டியல் 100 கோடியைத் தாண்டிப் போகும்போது அந்தக் கூட்டுத்தொகை, அந்த எண் வகை தாங்கும் 214 கோடி என்ற எல்லையைக் கடந்து மறை எண்ணாகிவிடும். அதை எழுதியவர்கள் உலகத்தின் கெட்டிக்காரர்கள். நீங்கள் கொக்குவிலில் இருந்து ஒரு அரைப்புள்ளியை விட்டதற்கு அழுகிறீர்கள்.

ஏஐயை முழுக்க விடச் சொல்ல மாட்டேன், நானும் தினமும் பாவிக்கிறேன். ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது தந்த கோட்டை மூடிவிட்டு, கேள்வியில் ஒன்றை மாற்றிக் கையால் எழுதிப் பாருங்கள். ஏறுவரிசையை இறங்குவரிசையாக்குங்கள், தலையில் செருகுவதை வாலுக்கு மாற்றுங்கள். எழுத வரவில்லையென்றால் அந்த அசைன்மென்ட் உங்களுடையது இல்லை, புள்ளி கிடைத்தாலும். நான் என்றால் அதனிடம் விடையைக் கேட்க மாட்டேன். என் கோட்டைக் கொடுத்து, ‘இது எந்தத் தரவுக்குப் பிழைக்கும்? திருத்தாதே, தரவை மட்டும் சொல்லு’ என்று கேட்பேன்.

ஆங்கிலத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் தமிழ் மூலம் என்று எழுதியபோதே எனக்கு விளங்கிவிட்டது. யோசனையைத் தமிழிலேயே செய்யுங்கள். தங்கச்சியோ தம்பியோ வீட்டில் இருந்தால் உட்கார வைத்து ஒழுங்கைக் கதையைச் சொல்லுங்கள். சொல்ல முடியாமல் திக்குகிற இடம்தான் உங்களுக்கு விளங்காத இடம். பரீட்சைக்கு வேண்டிய ஆங்கிலம் கொஞ்சம்தான். பழைய வினாத்தாள்கள் நாலை எடுத்து, ஒவ்வொரு கேள்வியும் எந்த வினைச்சொல்லில் தொடங்குகிறது என்று பட்டியல் போடுங்கள். ட்ரேஸ் என்றால் அட்டவணை போட்டு ஓட்டிக்காட்டு. ஜஸ்டிஃபை என்றால் காரணம் சொல்லாமல் விட்டால் பாதிப் புள்ளி போச்சு. கம்பெயார் என்றால் இரண்டையும் பற்றி எழுது. ஒரு பத்துச் சொல்லுக்கு மேல் வராது.

அம்மா சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. எந்தக் கட்டமைப்பில் தேட, செருக, அழிக்க எவ்வளவு நேரம் என்ற அட்டவணையைப் பாடமாக்கலாம். மரத்தைச் சுற்றும் மூன்று ஒழுங்குகளையும் பாடமாக்கலாம். கோட்டைப் பாடமாக்க வேண்டாம், கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் அது கைவிட்டுவிடும்.

கடைசிப் பகுதி கிராஃப், அதாவது வட்டங்களும் அவற்றை இணைக்கும் கோடுகளும். பயப்படாதீர்கள், நீங்கள் அதன்மேல்தான் குடியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணம், வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், வட்டுக்கோட்டை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று எட்டு வட்டம் போடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் வேலணை. அங்கிருந்து ஒரு கோடு ஊர்காவற்றுறைக்கு, ஒரு கோடு புங்குடுதீவுக்கு. புங்குடுதீவின் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடற்பாதை என்கிற மிதவை. காரைநகரிலிருந்து பொன்னாலைப் பாலத்தால் வட்டுக்கோட்டை, பிறகு யாழ்ப்பாணம். எட்டு வட்டம், எட்டுக் கோடு. மரமாக, அதாவது சுற்றிவர வழி இல்லாத படமாக இருந்தால் ஏழு கோடுதான் இருக்கும். அந்த ஒரு மேலதிகக் கோட்டால்தான் நீங்கள் சுற்றி வந்து மறுபடி யாழ்ப்பாணத்தில் இறங்க முடிகிறது. கடற்பாதை ஓடாத நாளில் அந்தக் கோட்டை அழியுங்கள், படம் மரமாகிவிடும். பாலங்களையும் தீவுகளையும் கோடும் புள்ளியுமாக்கிக் கணித அறிஞர் ஒயிலர் இந்தத் துறையைத் தொடங்கியது 1736இல், கோனிக்ஸ்பேர்க் என்ற ஊரின் ஏழு பாலங்களை வைத்து. எங்களிடம் கடல்வழியும் இருக்கிறது.

இந்தப் படத்தில் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, ஒரு வழியைப் பிடித்தால் முடிவுவரை போய்த் திரும்பும், ஆழமாகப் போகும் தேடலை ஓட்டுங்கள். ‘வந்த வழியே திரும்பாதே’ என்ற ஒரு விதி மட்டும் போதுமா என்று பாருங்கள். கடற்பாதை இல்லாத நாளில் போதும். இருக்கிற நாளில் வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், வட்டுக்கோட்டை, யாழ்ப்பாணம் என்று ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். போன இடத்தில் அடையாளம் வைக்கும் அந்த ஒரு வரி ஏன் வந்தது என்று அப்போது தெரியும். பிறகு, கிட்ட உள்ள இடங்களை எல்லாம் முடித்துவிட்டுத் தூரம் போகும், அகலமாகப் போகும் தேடலை ஓட்டினால் நயினாதீவு மூன்றாவது அடியில் வரவேண்டும். வராவிட்டால் கியூவில் எங்கேயோ பிழை.

பிறகு கோடுகளின்மேல் நிமிடங்களை எழுதினால், மிகக் குறைந்த நேரத்தில் போகும் வழியைத் தேடும் டைக்ஸ்ட்ரா என்பவரின் அல்கோரிதம். 1956இல் அம்ஸ்ரடாமில் ஒரு கோப்பிக் கடை வாசலில் இருந்து, பேனையும் கடதாசியும் இல்லாமல் 20 நிமிடத்தில் யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நீங்கள் கடதாசி எடுங்கள். படகுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் போட மறக்க வேண்டாம். படம் முடிந்ததும் எனக்கு அனுப்பிவிடுங்கள், பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் சுழித்து அனுப்புகிறேன்.