விண்வெளிப் படங்களில் சில ராணுவக் குழுக்கள் மட்டும் நிஜமாகத் தெரிவது ஏன்?

ஆயுதங்களால் அல்ல, பழக்கத்தால். 1986இல் வெளிவந்த ஜேம்ஸ் கேமரூனின் 'ஏலியன்ஸ்' படத்தையே பாருங்கள். வீரர்களாக நடித்தவர்கள் பிரிட்டனின் சிறப்பு அதிரடிப் படையான எஸ்ஏஎஸ் வீரர்களிடம் பயிற்சி பெற்றார்கள். சார்ஜென்டாக வரும் அல் மேத்யூஸ் வியட்நாமில் போரிட்ட அமெரிக்க மரைன் படைவீரர். தூக்கத்திலிருந்து எழுந்ததும் சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு அதட்டுகிறாரே, அது நடிப்புப் பள்ளியில் வருவதில்லை! கவசங்களில் நடிகர்களே கிறுக்கிக்கொண்டார்கள். துப்பாக்கிகூட இரண்டாம் உலகப் போர்க்காலத் தாம்சன் இயந்திரத் துப்பாக்கி ஒன்றின் மேல் கட்டப்பட்டதுதான்.

ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. 'எத்தனை முறை களமிறங்கியிருக்கிறீர்கள்?' என்று கேட்டதும் குழுவை வழிநடத்தும் லெப்டினன்ட் 'முப்பத்தெட்டு' என்கிறார், எல்லாம் ஒத்திகை. உண்மையான களம் இரண்டே, அதுவும் இதைச் சேர்த்து. பிறகு, சுட்டால் அணு உலையின் குளிரூட்டும் அமைப்பு உடைந்துவிடும் என்று, எதிரிகளான வேற்றுலக உயிரினங்களின் கூட்டுக்குள் நிற்கும் தன் வீரர்களிடமிருந்தே தோட்டாக்களைத் திரும்ப வாங்கச் சொல்கிறார். உத்தரவில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது ஆளைக் கொல்கிறது. இரண்டு பேர் ரகசியமாகத் தோட்டாவை ஒளித்துவைப்பதும் நம்பும்படி இருக்கிறது. குறி தவறாத வீரர்கள் நிறைந்த படங்களில் எனக்கு இந்தப் பதற்றம் வருவதே இல்லை.