பென்சில் எழுத்து அழியவில்லை: வாசகர் கேள்வி – பதில்

விழுப்புரத்தில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு நான். 1981-இல் வேலையில் சேர்ந்து 2015-இல் ஓய்வு பெற்றேன். 2025 பொங்கல் கழிந்ததும் என் ரயில் நாட்களைப் பற்றி இணையத்தில் எழுத ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமைக்கு ஒன்று என்று கணக்கு. ஒரு வருடத்தில் 41 கட்டுரைகள் ஆகியிருக்கின்றன. சென்ற இதழில் அதைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. அதைப் படித்துவிட்டு வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. சிலவற்றுக்கு எழுதுகிறேன்.

எழுபது வயதில் எழுத வேண்டும் என்று எப்படித் தோன்றியது ஐயா?
– வாசகி, கடலூர்

ஃபெஞ்சல் புயல்தான் காரணம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையேறிய புயல் நகராமல் நின்று கொட்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். எங்கள் மாவட்டத்தில் மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. 34 வருடத்துப் பாக்கெட் நோட்டுகள் அதில்தான் இருந்தன.

கார்டு ஜர்னல் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதமென்றால் எத்தனை நிமிடம், எதனால் என்று அதில் எழுத வேண்டும். அது ஆபீஸுக்குப் போய்விடும். எனக்கென்று ஒரு சின்ன நோட்டில் தனியாகவும் குறித்துக்கொள்வேன். ஏன் அந்தப் பழக்கம் வந்தது என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியவில்லை. பிரேக் வேனில், அதாவது கடைசியில் இருக்கும் கார்டு பெட்டியில், ராத்திரி முழுக்கத் தனியாக இருப்பவனுக்குப் பேச்சுத்துணை மாதிரி அது.

தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது, வீட்டில் உட்கார்ந்து பேனாவில் எழுதிய பக்கமெல்லாம் வெறும் நீலக் கறை. ஆனால் வண்டி ஆட்டத்தில் பேனா மை கொட்டும் என்று பிரேக் வேனில் எப்போதும் பென்சிலைத்தான் பிடிப்பேன். அந்த எழுத்து ஒன்றுகூடக் கரையவில்லை. “பண்ருட்டி 21.40. கிராசிங் 18 நிமிடம். பலாப்பழ வாசனை” என்று ஒரு வரி. கிராசிங் என்றால் எதிர் வண்டி கடந்து போகும் வரை காத்து நிற்பது. ஈரத் தாளில் அதைப் படித்தபோது 1984-ஆம் வருடத்துக் கோடை ராத்திரி மூக்கில் ஏறியது. நோட்டுகளை நிழலில் விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். பேரன் செல்போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்தான். “தாத்தா, இதை டைப் பண்ணிப் போட்டுடலாமே, அடுத்த வெள்ளம் வந்தா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டான். சரி என்றேன்.

முதல் கட்டுரை எதைப் பற்றி? எழுத உட்கார்ந்ததும் வந்துவிட்டதா?
– வாசகர், திருச்சி

வரவில்லை. மூன்று முறை எழுதினேன். முதல் தடவை, மீட்டர் கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மி.மீ., அகலப்பாதை 1,676 மி.மீ. என்று ஆரம்பித்து, தென்னக ரயில்வேயின் வரலாறு மாதிரி நான்கு பக்கம் போனது. என் மனைவி படித்துவிட்டு, “நோட்டுல பலாப்பழ வாசனைன்னு எழுதியிருக்காரே, அந்த ஆளு இதுல எங்கே?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இந்த ஒரு வருடமும் எனக்கு வழி காட்டியது.

மூன்றாவது தடவை டோக்கன் மாற்றுவதை மட்டும் எழுதினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்துவிடாமல் இருக்க, இரண்டு ஸ்டேஷன்களுக்கும் பொதுவாக மின்சாரத்தால் இணைத்த டோக்கன் கருவிகள் இருந்தன. அதிலிருந்து ஒரு நேரத்தில் ஓர் இரும்புப் பந்துதான் வெளியே வரும். அந்தப் பந்து கையில் இருந்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷனை நோக்கி வண்டியை எடுக்கலாம். எக்ஸ்பிரஸ் வண்டி சின்ன ஸ்டேஷனில் நிற்காது. அதனால் பந்தை ஒரு தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஸ்டேஷன் ஊழியரான பாயிண்ட்ஸ்மேன் பிளாட்பாரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். நீராவி இன்ஜினில் கரி போடும் ஃபயர்மேன் உடம்பை வெளியே சாய்த்து, ஓடுகிற வண்டியில் வளையத்துக்குள் கையை நுழைத்து வாங்குவார். அதே வேகத்தில் பழைய வளையத்தைக் கீழே எறிவார்.

கடைசிப் பெட்டியில் நிற்கும் என் கண்ணுக்கு முதலில் தீப்பந்தம் தெரியும். வளையம் கையில் விழும் சத்தம் வண்டிச் சத்தத்தில் கேட்காது. என் வேன் அந்த இடத்துக்கு வருவதற்குள் பாயிண்ட்ஸ்மேன் குனிந்து, எறிந்த வளையத்தைத் தேடிக்கொண்டிருப்பார். புதருக்குள் விழுந்துவிட்டால் தேடித்தான் ஆக வேண்டும். அந்தப் பந்தைக் கொண்டுபோய்க் கருவியில் போடுகிற வரை, நாங்கள் கடந்து வந்த பாதை அடுத்த வண்டிக்குக் கிடைக்காது. நெல்லிக்குப்பத்தில் ஒரு மழை ராத்திரி, கையில் விளக்கோடு முட்டி போட்டுத் தேடிய ஒருவரின் முதுகை மட்டும் பார்த்தேன். முகம் தெரியாது. அந்த முதுகில்தான் கட்டுரையை ஆரம்பித்தேன்.

மாயவரத்தில் வண்டி ஊழியர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் அரிசி களைந்துகொண்டே ஒரு ஃபயர்மேன் தன் இடது முழங்கையின் உட்பக்கத்தைக் காட்டினார். வளையம் பட்டுப் பட்டுத் தோல் மாட்டுத்தோல் மாதிரி தடித்திருந்தது. அதை எழுதியபோது, இது எங்கேயும் பதிவாகியிருக்காதே என்ற நினைப்பு வந்தது. எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

கணினியில் தமிழ் தட்டச்சு சிரமமாக இல்லையா?
– வாசகர், விருத்தாசலம்

முதல் இரண்டு மாதம் சிரமம்தான். தமிழ்99 கற்றுக்கொண்டேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் புள்ளி தானாக விழுந்துவிடும். பழகிய பிறகு ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்ள மனம் வரவே இல்லை. தமிழில் நினைத்துத் தமிழிலேயே விரல் போகிற சுகம் தனி. நீங்களும் ஒரு மாதம் பொறுமையாகப் பழகிப் பாருங்கள்.

எத்தனை பேர் படிக்கிறார்கள்? வருமானம் உண்டா?
– வாசகர், சென்னை

முதல் கட்டுரையை 11 பேர் படித்தார்கள், அதில் 6 பேர் சொந்தக்காரர்கள். இப்போது வாரத்துக்கு முந்நூறு பேர் வரை வருகிறார்கள். வருமானம் இல்லை, நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. பென்ஷன் வருகிறது.

தகவல் பிழை நேர்ந்தது உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்?
– வாசகி, சிதம்பரம்

உண்டு. சிதம்பரத்தை விட்டால் அடுத்தது கொள்ளிடம் என்று ஒரு கட்டுரையில் எழுதிவிட்டேன். மறுநாள் காலை ஒருவர் எழுதியிருந்தார்: “ஐயா, எங்க ஊர் வல்லம்படுகையை விட்டுட்டீங்களே. பாலத்துக்கு இந்தப் பக்கம் நாங்க இருக்கோம்.” நூற்றுக்கணக்கான முறை அந்த ஸ்டேஷனைக் கடந்தவன் நான். அங்கே கொடி காட்டியிருக்கிறேன். அப்படியும் விட்டுப்போயிற்று. மனசு கேட்கவில்லை. உடனே திருத்தி, எது தவறாக இருந்தது, யார் சொல்லித் திருத்தினேன் என்று கட்டுரையின் அடியில் எழுதி வைத்தேன். சத்தம் போடாமல் திருத்திவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் ஜர்னலில் ஒரு நேரத்தைத் தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் போட வேண்டும். எனக்கு அப்படித்தான் பழக்கம்.

அதன்பின் ஊர்ப் பெயர் வருகிற வரியையெல்லாம் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் வெளியிடுவதில்லை.

ரயில்வே சொற்கள் எல்லோருக்கும் புரியுமா? எளிமையாக மாற்றி எழுதலாமே?
– வாசகர், மதுரை

மாற்ற மாட்டேன். கார்டை 2022-இல் டிரெயின் மேனேஜர் என்று மாற்றிவிட்டார்கள். மரியாதையான பெயர்தான், மகிழ்ச்சி. ஆனால் என்னை ஊர் கார்டு என்றுதான் கூப்பிட்டது. சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, அதைக் கையில் பிடித்தால் எப்படி இருக்கும் என்று காட்டினால் போதும், புரிந்துவிடும்.

‘வெடி’ என்று ஒன்று உண்டு. மூடி போட்ட தகர வில்லை மாதிரி இருக்கும், தண்டவாளத்தின் தலையில் வைத்து இரண்டு பக்கமும் ஈயப் பட்டையை மடக்கிவிட வேண்டும். வண்டி நடுவழியில் நின்று ஆபத்தென்றால், கார்டு விளக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடக்க வேண்டும். மீட்டர் கேஜில் 400 மீட்டரில் ஒரு வெடி, அப்புறம் 800 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. பின்னால் வருகிற இன்ஜின் ஏறியதும் வெடிக்கும், டிரைவர் நிறுத்துவார். இதை எழுதியபோது ஒரு கல்லூரி மாணவர், “எண்ணெல்லாம் எதற்கு, ‘கொஞ்ச தூரம்’ என்று எழுதினால் போதாதா?” என்று கேட்டிருந்தார். இருட்டில், ஜல்லியில், தனியாக 800 மீட்டர் நடந்தவனுக்கு அது கொஞ்ச தூரம் இல்லை தம்பி.

எழுதியும் வெளியிடாமல் வைத்திருப்பது ஏதாவது இருக்கிறதா?
– வாசகி, தஞ்சாவூர்

ஒன்று இருக்கிறது. வண்டியில் ஒருவர் அடிபட்டுவிட்டால் கார்டுதான் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும், அடுத்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு மெமோ எழுதித் தர வேண்டும். பணிக்காலத்தில் பல முறை செய்திருக்கிறேன். அதில் ஒன்றைப் போன ஆடி மாதம் எழுதினேன். அவர் சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட் வரைக்கும் நோட்டில் இருந்தது. எழுதி முடித்துவிட்டு இரண்டு நாள் தூக்கமில்லை. அந்த மனிதருக்கு மகளோ மகனோ இருந்தால், இன்றைக்கு என் வயதுக்குப் பக்கத்தில் இருப்பார்கள். திடீரென்று ஒரு நாள் செல்போனில் அதைப் படிக்க நேர்ந்தால்?

ஊரையும் தேதியையும் மாற்றிவிட்டுப் போடலாமே என்றார் ஒரு நண்பர். தேதியை மாற்றினால் அது என் நோட்டு இல்லை. அதனால் அது வீட்டோடு இருக்கட்டும். எழுதியதில் எனக்கு வருத்தமில்லை, எழுதியதால்தான் அவரை இன்னொரு தடவை மரியாதையோடு நினைக்க முடிந்தது.

நான் முப்பது வருடமாக மளிகைக்கடை நடத்துகிறேன். எழுத ஆசை. ஆனால் எழுத என்ன இருக்கிறது அண்ணா?
– வாசகர், திண்டிவனம்

தம்பி, பொட்டலம் மடிக்கத் தெரியுமா உங்களுக்கு? பேப்பரைக் கூம்பாகச் சுற்றி, அடியை முறுக்கி, சர்க்கரை கொட்டி, மேலே மூன்று மடிப்பு மடித்து, மேலே தொங்குகிற நூல் கண்டை இழுத்து இரண்டு சுற்று சுற்றி, விரலால் வெட்டி அறுக்கும் அந்த வேகம்! அதை எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறார்கள்? கால் கிலோவுக்கு எந்த அளவுத் தாள், ஈரப் பதம் உள்ள புளிக்கு எந்தத் தாள், முதல் முதலில் பொட்டலம் மடிக்கச் சொல்லிக்கொடுத்தது யார், எத்தனை நாள் சர்க்கரை கீழே கொட்டியது. இதை மட்டும் இந்த வாரம் எழுதுங்கள். கடன் நோட்டு இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆட்களின் பெயரை மட்டும் வெளியே சொல்லிவிடாதீர்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன்.

இந்த ஒரு வருடத்தில் மறக்க முடியாத வாசகர் யார்?
– வாசகி, புதுச்சேரி

ஒரு பெண்மணி. பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே ஒரு கேட்டில் அவருடைய அப்பா கேட் கீப்பர். “அப்பா பக்கத்தில் நின்று வண்டிக்குக் கை ஆட்டுவேன். யாரும் திரும்ப ஆட்ட மாட்டார்கள். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு மட்டும் ஆட்டுவார். அது நீங்களா?” என்று கேட்டு எழுதியிருந்தார். அந்த வருடங்களின் நோட்டுகளை இரண்டு நாள் புரட்டினேன். அந்த கேட் இருக்கிறது, நேரம் இருக்கிறது, குழந்தை இல்லை. அந்தப் பாதையில் எத்தனையோ கார்டுகள் வேலை பார்த்தோம். நானாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் நோட்டில் இல்லை என்று உள்ளதை எழுதினேன்.

அவர் வருத்தப்படவில்லை. பதிலுக்கு எனக்கு ஒரு விஷயம் சொன்னார். வண்டி வருமுன் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட் கீப்பருக்கு ஒரு ரகசிய எண் சொல்வார், அவரும் ஒன்று சொல்வார், இரண்டும் பதிவேட்டில் ஏற வேண்டும். “எனக்கு எண் எழுதக் கற்றுக்கொடுத்தது அந்தப் பதிவேடுதான். போனைக் காதில் வைத்துக்கொண்டே அப்பா எழுதுவார், பக்கத்தில் சிலேட்டில் நானும் எழுதுவேன்.” அவர் அனுமதியோடு அதைக் கட்டுரையாக எழுதினேன். இந்த 41-இல் எனக்குப் பிடித்தது அதுதான்.

அடுத்த வருடம் என்ன திட்டம்?
– வாசகர், கும்பகோணம்

1987 நோட்டு பாக்கி இருக்கிறது. தண்ணீரில் ஊறி மொத்தமும் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தால் கிழியும். தினமும் காலையில் காபி குடித்ததும், தோசைத் திருப்பியின் முனையை மெல்ல உள்ளே விட்டு ஒரு தாளாகப் பிரிக்கிறேன், நடுவில் வெள்ளைத் தாள் வைத்து மூடிவிடுகிறேன். இதுவரை 23 பக்கம் வந்திருக்கிறது. நேற்று வந்த பக்கத்தில் “சீர்காழி 02.15. ஆல் ரைட்” என்பது தெளிவாக இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள வரி அடுத்த தாளோடு ஒட்டியிருக்கிறது.