ரயிலில் நான்கு கை மாறிய 'தி சைலண்ட் பேஷண்ட்'

கேள்வி: 'தி சைலண்ட் பேஷண்ட்' நாவலைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே, படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் "கடைசியில பெரிய ட்விஸ்ட் இருக்கு" என்று சொல்லிக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. பத்தாவது பக்கத்திலிருந்தே வருகிறவர் போகிறவர் எல்லாரையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போகும் சீசன் டிக்கெட் கூட்டம் நாங்கள். ஒரே பிரதி, நான்கு பேர் படித்தோம். இரணியலில் ஏறும் தம்பி இரண்டே நாளில் முடித்துவிட்டு, தூக்கம் போச்சு என்றான். எங்களில் மூத்தவரான சார், "நூறு பக்கம் வெட்டியிருக்கலாம்" என்றார். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அவர் சொல்வது அதுதான்.

கதை இதுதான். லண்டனில் இருக்கும் ஓவியர் அலிசியா, புகைப்படக் கலைஞரான தன் கணவன் கேப்ரியலை முகத்திலேயே ஐந்து முறை சுடுகிறாள். அதன்பின் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சில வருடம் கழித்து, அவளைப் பேச வைத்தே தீருவேன் என்று தியோ என்ற மனநல சிகிச்சையாளர், அவள் இருக்கும் மருத்துவமனையிலேயே வேலைக்குச் சேர்கிறார். அலெக்ஸ் மைக்கேலிடிஸின் முதல் நாவல், 2019-இல் வந்தது.

குழித்துறையில் ஏறும் அக்கா நர்ஸ், மனநலப் பிரிவில் வேலை பார்த்தவர். அவருக்குத்தான் தியோ மேல் கோபம் தாங்கவில்லை. "மக்கா, நோயாளிக்க சொந்தக்காரங்க வீடு வீடா ஏறி இறங்கி, போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேக்கான். எங்க வார்டுல இவன் ஒரு வாரம் தாங்குவானா?" இணையத்திலும் பலருக்கு இதே குறைதான். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் முடித்துவிட்டு யோசித்தால், அந்தக் குறையைக் கவனித்தவர்கள்தான் கதைக்கு மிக அருகில் போயிருக்கிறார்கள். இதற்கு மேல் சொன்னால் நானும் ட்விஸ்ட் சொன்ன பாவி ஆகிவிடுவேன். அக்கா இப்போது இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருக்கிறார்.

தியோவின் வீட்டுக் கதை நடுவில் கொஞ்சம் இழுக்கிறது. அலிசியாவின் நாட்குறிப்பு வரும் பக்கங்கள் பரவாயில்லை, ஓடிவிடும்.

எனக்குப் பிடித்தது துப்பு அல்ல, ஒரு படம். கொலைக்குப் பிறகு அவள் தன்னையே வரைந்துவைக்கிறாள். படத்தின் மூலையில் கிரேக்க எழுத்தில் ஒரே ஒரு சொல்: அல்செஸ்டிஸ். கி.மு. 438-இல் யூரிப்பிடிஸ் அரங்கேற்றிய நாடகத்தின் பெயர் அது. ராஜா சாக வேண்டிய நேரம், அவனுக்குப் பதிலாக யாராவது உயிரைக் கொடுத்தால் தப்பிக்கலாம். பெற்ற தாய் தகப்பனே மறுக்கிறார்கள், மனைவி அல்செஸ்டிஸ் ஒத்துக்கொள்கிறாள். அவனும் சரி என்று விட்டுவிடுகிறான்! பிறகு கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் போய் அவளைச் சாவிடமிருந்து மீட்டு வருகிறான். வந்து நிற்கிறவள் நாடகம் முடியும்வரை வாய் திறப்பதில்லை. நாவலைத் தொடங்கும் முன் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் நல்லது. சுவாரசியம் குறையாது, கூடும்.

இதை ஒரு நாள் ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். அம்மா நாவல் படிக்கிற ஆள் இல்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சாவித்திரி எமன்கிட்ட பேசிப் பேசியே புருஷனை மீட்டா. இவ உயிரோட திரும்பி வந்தும் பேசல்லேன்னா, அது எமன் மேல உள்ள கோவம் இல்ல மக்கா."