ஸ்கூல் நடந்துட்டு இருக்கும்போதே கட்டட வேலை: ஹெச்.எம். டீச்சர் ஒருத்தரோட கேள்விக்கு பதில்

கேள்வி இதுதான்: "எங்களோடது ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி. 170 பசங்க, 5 ரூம். ரெண்டு பழைய ரூமுக்கு மேல் தளம் ரிப்பேர், பூச்சு, பெயிண்ட், அதோட பின்னாடி புதுசா ஒரு கிளாஸ் ரூமும் டாய்லெட் பிளாக்கும் கட்ட ஒர்க் ஆர்டர் வந்துருச்சு. இப்போ ஜூலை கடைசி. கான்ட்ராக்டர் அடுத்த திங்கக்கிழமையே ஆரம்பிக்கிறேன்ங்கறார். ஸ்கூலுக்கு லீவு விட முடியாது. நான் எதையெல்லாம் பாக்கணும், இஞ்சினியர் படிக்காத நான் அவங்ககிட்ட எதைத்தான் கேக்க முடியும்?"

வணக்கம் டீச்சர். நான் ரொம்ப வருஷம் சைட் இஞ்சினியரா இருந்தவன், அதுல பாதிக்கு மேல ஸ்கூல் வேலைதான். அதனால உங்க கடைசி கேள்விக்கே முதல்ல பதில் சொல்லிடறேன். கம்பி எத்தனை எம்.எம்., சிமெண்ட் எவ்வளவுங்கறதை ஏ.இ.யும் (உதவிப் பொறியாளர்) ஓவர்சீயரும் பாத்துப்பாங்க. ஆனா எந்த வேலை எந்த நேரத்துல நடக்கணும், ஆளும் வண்டியும் எந்த வழியா வரணும்னு சொல்ல வேண்டியது நீங்கதான், ஏன்னா 8 மணிக்கு காலை உணவுக்கு வர்ற ஒண்ணாங்கிளாஸ் பையன் எந்தப் பக்கமா ஓடுவான்னு அவங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். தயங்காம கேளுங்க, ஆபத்தா தெரிஞ்சா "இப்ப நிறுத்துங்க, ஏ.இ. வரட்டும்"னு சொல்லுங்க.

திங்கக்கிழமை ஆரம்பிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. ஒரு வாரம் தள்ளினா ஒண்ணும் கெட்டுப்போகாது. அந்த வாரத்துல கான்ட்ராக்டர், மேஸ்திரி, ஏ.இ., பள்ளி மேலாண்மைக் குழு தலைவி எல்லாரையும் கூப்பிட்டு கிரவுண்டை ஒரு தடவை சுத்தி வாங்க. கல்வி உரிமைச் சட்டம் 2009 படி ஸ்கூலுக்கு வர்ற நிதி எப்படி செலவாகுதுன்னு கவனிக்கறது அந்தக் குழுவோட வேலையில ஒண்ணு, அதுல முக்கால்வாசி பேர் பெற்றோர்தான், அதனால அவங்களைக் கூப்பிடறது உங்களுக்கு பெரிய பலம். சுத்தி வரும்போது கையில ஒரு வெள்ளை பேப்பர் வச்சிக்கோங்க, ஜல்லி, எம்-சாண்ட் எங்க கொட்டறது, லாரி எந்த கேட், மிக்சர் எங்க நிக்கும், பசங்க எந்தப் பக்கமா டாய்லெட்டுக்குப் போவாங்கன்னு அதுல கோடு போட்டு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிடுங்க. பின்னால எந்தத் தகராறு வந்தாலும் அந்தப் பேப்பர் பேசும்.

இதுல முக்கியமானது ஒண்ணே ஒண்ணுதான், பசங்களும் வேலையும் ஒரே இடத்துல ஒரே நேரத்துல இருக்கவே கூடாது. அதுக்கு தகரம் அடிச்சு மறைக்கணும். கயிறும் சிவப்பு ரிப்பனும் கட்டினா பத்தாது, ஆறு வயசுப் பிள்ளைக்கு ரிப்பன்னா கீழ குனிஞ்சு போறதுக்கான இடம், அவ்வளவுதான். ஆள் உயரத்துக்கு ஷீட், அதுல ஒரே ஒரு கதவு, அதுக்குப் பூட்டு, ஒரு சாவி உங்ககிட்ட. இதுக்கு எஸ்டிமேட்ல காசு இல்லைன்னு சொல்வாங்க. சென்ட்ரிங் வேலைக்கு, அதாவது கான்கிரீட் காயற வரைக்கும் தாங்கறதுக்கு, வச்சிருக்கிற பழைய ஷீட்டே போதும், விடாம கேட்டு வாங்குங்க.

என் அனுபவத்துல பெரிய பயம் தளம் போடறதுலயோ சுவர் இடிக்கறதுலயோ இல்லை, லோடு வண்டி ரிவர்ஸ் எடுக்கறதுலதான். என் சைட் ஒண்ணுல காலை 8.50க்கு எம்-சாண்ட் லாரி பின்னாடி வருது, ஒரு பொண்ணு தண்ணி பாட்டிலை எடுக்க குனிஞ்சிருக்கா, சமையல் பண்ற அக்கா கத்தினதால டிரைவர் பிரேக் போட்டார். ஒண்ணும் ஆகலை, ஆனா எனக்கு அன்னைக்கு சாப்பாடு இறங்கலை. அதுக்கப்புறம் எல்லா சைட்டுலயும் ஒரே ரூல்தான் போட்டேன், காலை 7.30லேருந்து 9.30 வரைக்கும், மதிய சாப்பாட்டு நேரத்துல, சாயங்காலம் பெல் அடிக்கறதுக்கு அரைமணி முன்னாடிலேருந்து கடைசிப் பிள்ளை வெளிய போற வரைக்கும் எந்த வண்டியும் கேட்டுக்குள்ள வராது. மத்த நேரத்துல வந்தாலும் பின்னாடி ஒரு ஆள் இறங்கி நின்னு வழி சொல்லணும். லோடுக்காரங்க குவாரில லேட் ஆச்சுன்னு வாசல்ல வந்து நிப்பாங்க, நின்னாலும் பரவாயில்லை.

அடுத்தது குழி. டாய்லெட் பிளாக்னா செப்டிக் டேங்க் குழி கட்டாயம் உண்டு, ஆடி ஆவணில ராத்திரி ஒரு மழை பேஞ்சாலே அது நிறைஞ்சிடும். 2025 ஜனவரில விக்கிரவாண்டில ஸ்கூல் செப்டிக் டேங்க்ல ஒரு சின்னக் குழந்தை விழுந்து இறந்தது எல்லாருக்கும் தெரியும், அங்க துருப்பிடிச்ச இரும்பு மூடிதான் உடைஞ்சுது. அதனால குழியை வேலை நடக்கும்போது சுத்தி அடைக்கணும், சாயங்காலம் பலகை போட்டு மூடணும், வேலை முடிஞ்சப்புறம் கான்கிரீட் ஸ்லாப் மூடிதான் வேணும்னு எழுதிக் கேளுங்க. இன்னொண்ணு, ஊர்ல இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்சும் யாரும் கணக்குல எடுக்காத விஷயம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நம்ம பசங்கதான் காம்பவுண்டு ஏறிக் குதிச்சு கிரிக்கெட் ஆடுவாங்க. லீவு நாள்ல யாரும் இல்லைன்னு நினைச்சுக் குழியைத் திறந்து போட்டுட்டுப் போயிடாதீங்கன்னு மேஸ்திரிகிட்ட சொல்லணும், காலை அசெம்ப்ளில பசங்ககிட்டயும் தினம் சொல்லணும்.

பழைய சுவரைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்றேன். 2021 டிசம்பர் 17 திருநெல்வேலில ஒரு ஸ்கூல் கழிவறைச் சுவர் இடிஞ்சு 3 மாணவர்கள் இறந்தாங்க, அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு முழுக்க மோசமான பள்ளிக் கட்டடங்களைக் கண்டுபிடிச்சு இடிச்சாங்க. உங்க வேலையில புது அஸ்திவாரத்துக்கு ஜே.சி.பி. தோண்டும்போது பக்கத்துல பழைய டாய்லெட் சுவரோ காம்பவுண்டோ இருந்தா அதோட அடிமண்ணு இளகிடும். பழைய சுவருக்கு பல இடத்துல ஒண்ணரை அடி கூட அஸ்திவாரம் இருக்காது. தோண்டறதுக்கு முன்னாடி, "இந்தச் சுவர் நிக்குமா, முட்டுக் கொடுக்கணுமா, இல்லை முதல்லயே இடிச்சிடலாமா?"ன்னு ஏ.இ.கிட்ட எழுதிக் கேளுங்க. இடிக்கறதா இருந்தா சனிக்கிழமை, மேலேருந்து கொஞ்சம் கொஞ்சமா, ஒரே தள்ளா தள்ளி விடக்கூடாது. ஆனா பழைய டாய்லெட்டை மட்டும் புதுசுல தண்ணி வந்து பசங்க பயன்படுத்த ஆரம்பிக்கிற வரைக்கும் தொட விடாதீங்க. டாய்லெட் இல்லைன்னா பொம்பளப் பிள்ளைங்க தண்ணி குடிக்கறதையே நிறுத்திடும், அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்க ஸ்கூலுக்கு வர்றதையே நிறுத்தும். அந்தச் சுவரே ஆபத்தா இருந்து உடனே இடிக்கணும்னா, தற்காலிக டாய்லெட் ரெடியானதும்தான் இடிக்கணும்.

ரூம் கணக்குக்கு வருவோம். ரெண்டு ரூம் போனா மூணு மிச்சம். ஒண்ணுலேருந்து மூணு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்துல ஏற்கனவே சேர்த்து உக்கார வச்சுதானே நடத்துறீங்க, அவங்களுக்கு இருக்கறதுலயே பெரிய ரூம், நாலு, அஞ்சுக்கு ஒவ்வொரு ரூம். முடிஞ்சா ரெண்டு ரூமையும் ஒரே நேரத்துல கொடுக்காம, ஒண்ணு முடிச்சு ஒண்ணுன்னு கேளுங்க, கான்ட்ராக்டருக்குப் பிடிக்காது, ஆள் ரெண்டு தடவை கூட்டணும்பார், ஆனா உங்களுக்கு ஒரு ரூம் எப்பவும் கையில இருக்கும். சமுதாயக் கூடத்துக்கு ஒரு வகுப்பை அனுப்பலாம்னா நடுவுல ரோடு இருக்கான்னு பாருங்க, இருந்தா வேண்டவே வேண்டாம்.

தளம் ரிப்பேர் முதல்ல முடியணும். அக்டோபர்ல வடகிழக்கு மழை புடிச்சா டெரசைத் தொட முடியாது, பேத்துப் போட்ட தளத்து மேல மழை பேஞ்சா ரூம் முழுக்க நாசம். அதனால ஆகஸ்ட், செப்டம்பர்ல மேல் வேலை, காலாண்டு லீவுல தட்டுறது உடைக்கறது எல்லாம், மழை மாசத்துல உள்பூச்சும் டைல்சும்னு வரிசை போடச் சொல்லுங்க. புது ரூம் தளம் போடற நாள் மட்டும் லீவு நாளா இருக்கணும், ஏன்னா கான்கிரீட் ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாது, முப்பது பேர், மிக்சர், வைப்ரேட்டர்னு அன்னைக்கு முழுக்க யாரும் எதையும் கவனிக்க மாட்டாங்க.

புதுசா போட்ட தளத்துக்குக் கீழ கொடுத்த முட்டுகளை எப்போ பிரிக்கறதுங்கறதுல சண்டை வரும், ஏன்னா சென்ட்ரிங் சாமான் வாடகை நாள் கணக்கு. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி 4.5 மீட்டர் வரைக்கும் அகலம் இருக்கற தளத்துக்கு முட்டு 7 நாள், அதுக்கு மேல 14 நாள். பீம்னா 6 மீட்டர் வரைக்கும் 14, அதுக்கு மேல 21. கிளாஸ் ரூம் 20 அடின்னா 6 மீட்டர் கிட்ட வரும், அப்போ தளத்துக்கே 14 நாள். தண்ணி நனைக்கறதும் அப்படித்தான், நம்ம பக்கம் பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அதுக்குக் குறைஞ்சது 10 நாள், வெயில் காஞ்சா 14 நாள் பாத்தி கட்டித் தண்ணி நிக்கணும். தேதியை சுண்ணாம்புல சுவர்லயே எழுதச் சொல்லுங்க, முட்டு நிக்கற வரைக்கும் ரூம் பூட்டியே இருக்கட்டும்.

அந்தத் தண்ணி எங்கேருந்து வரும்? உங்க ஸ்கூல் போர்லேருந்துதான் எடுப்பாங்க, பதினொரு மணிக்கு டேங்க் காலி, டாய்லெட்ல தண்ணி இல்லை, மதியம் தட்டு கழுவத் தண்ணி இல்லை. தனி டிரம், ராத்திரில நிரப்பிக்கணும், இல்லை லாரித் தண்ணி. கரண்டும் அதே கதைதான், வயரை நேரா சாக்கெட்ல சொருகி தீக்குச்சி வச்சு அடைப்பாங்க, ஈரத் தரையில அந்த வயர் கிடக்கும். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகற ஸ்விட்ச்) போட்ட தனி போர்டு இல்லாம மிக்சரோ கட்டரோ ஓட விடாதீங்க. பிளக் டாப் இல்லாத வயரைப் பாத்தா பிடுங்கச் சொல்லுங்க.

தூசியும் பெயிண்டும். பழைய பெயிண்டுல ஈயம் இருக்கலாம், 2017 நவம்பர்லேருந்துதான் 90 பி.பி.எம்.க்கு (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) மேல கூடாதுன்னு சட்டம் அமலுக்கு வந்தது. அதனால பழைய ஜன்னல், கதவை காஞ்சபடி சுரண்டக் கூடாது, தண்ணி தெளிச்சு சுரண்டி, அந்தத் தூளைக் கூட்டி மூட்டை கட்டி வெளிய அனுப்பணும். சின்னப் பிள்ளைங்க கையை வாயில வைக்கும், ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இதுல விட்டுக் கொடுக்காதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழட்டினா உடைக்காம அறுக்காம முழுசா நனைச்சு இறக்கணும். காலை உணவு சமைக்கிற இடத்துக்கு பக்கத்துல சிமெண்ட் கலக்க விடாதீங்க.

வேலையாட்கள் விஷயம் கொஞ்சம் மென்மையா கையாளணும். எல்லாரும் உழைச்சுச் சாப்பிட வந்தவங்க, மரியாதையா நடத்துங்க. ஆனா பேர், போன் நம்பர் ஒரு ரெஜிஸ்டர்ல இருக்கணும், அவங்களுக்குத் தனி டாய்லெட் கான்ட்ராக்டர்தான் ஏற்பாடு பண்ணணும், பசங்களோட டாய்லெட் பக்கம் அவங்க வரக்கூடாது, வகுப்பு நேரத்துல டீச்சர் இல்லாம யாரும் பிள்ளைங்ககிட்ட பேசக் கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098ஐ பசங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. அதே மாதிரி நம்ம பசங்களை செங்கல் எடுக்கவோ தண்ணி தூக்கவோ யாரும் கூப்பிடக் கூடாது, ஆசையா ஓடி வருவாங்க, விடாதீங்க. சைட்லயே தங்கற குடும்பத்துல பள்ளிக்கூட வயசுல குழந்தைங்க இருந்தா, ஒடிசாவோ பீகாரோ, வயசுக்கேத்த வகுப்புல உக்கார வச்சிடுங்க. கல்வி உரிமைச் சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு, ரெண்டு மாசமானாலும் அந்தக் குழந்தை ஜல்லிக் குவியல்ல உக்காந்து இருக்காம ஒரு வேளை சுடச்சுட சாப்பிட்டு எழுத்து படிக்கும்.

கடைசியா பில் நேரம். வேலை முடிஞ்சுதுன்னு கையெழுத்து கேட்டா, முதல்ல டாய்லெட்ல ஒரு வாளி தண்ணி ஊத்துங்க, ஓட்டைப் பக்கம் ஓடணும், மூலையில நிக்கக் கூடாது. தாழ்ப்பாள் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை கைக்கு எட்டணும், உள்ள மாட்டிக்கிட்டா வெளியேருந்து திறக்க முடியணும். சக்கர நாற்காலி ஏற்ற சாய்தளம் 1க்கு 12 இருக்கான்னு டேப் வச்சு அளங்க, ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். டெரஸ்ல தண்ணி கட்டி ஒரு நாள் முழுக்க விட்டு கீழ ஈரம் தெரியுதான்னு பாருங்க. மிச்ச ஜல்லி, உடைஞ்ச டைல்ஸ், ஆணி எல்லாம் போனப்புறம்தான் கையெழுத்து, வெறுங்காலோட ஓடற பசங்க இருக்காங்க. செப்டிக் டேங்க் எங்க இருக்கு, பைப் எப்படிப் போகுது, கரண்ட் வயர் எந்தச் சுவர்ல போகுதுன்னு அளவோட ஒரு படம் வரைஞ்சு வாங்கி, சட்டம் போட்டு உங்க ரூம்ல மாட்டிடுங்க. அடுத்த ஹெச்.எம். வந்து சுவத்துல ஆணி அடிக்கும்போதோ மரம் நடக் குழி தோண்டும்போதோ முதல்ல அந்தப் படத்தைப் பாப்பாங்க.