இறுப்பதா, ஆற்றுவதா? ஒயின் டிகான்டர்: வாசகர் கேள்விகள்

ஒயினைப் பாட்டிலிலிருந்து மாற்றி ஊற்றிப் பரிமாறும் கண்ணாடிப் பாத்திரமான டிகான்டர் ஒன்று வீட்டுக்கு வாங்கலாம் என்று ஆன்லைனில் தேடினால் அன்னம், பாம்பு, ஜாடி, அடி அகன்ற குடுவை என்று தலை சுற்றுகிறது. நாங்கள் மாதம் ஒன்றிரண்டு பாட்டில்தான் திறப்போம். பெரும்பாலும் நாசிக்கில் தயாராகும் சிவப்பு ஒயின். எதை வாங்குவது?
*– வாசகர், கோயம்புத்தூர்*

ஆறாம் வகுப்பு அறிவியலில் 'தெளிய வைத்து இறுத்தல்' படித்திருப்பீர்கள். டிகான்டரின் ஆதி வேலை அதுதான்: அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுப்பது. இன்னொரு வேலை, டபராவும் டம்ளருமாக நாம் காபிக்குச் செய்வது, அதாவது ஆற்றுவது. காபியில் சூடு தணிய ஆற்றுகிறோம். ஒயினில் காற்றுப் பட ஆற்றுகிறோம். இறுக்க ஒரு வடிவம், ஆற்ற ஒரு வடிவம். உங்களுக்கு எது தேவை என்று தெரிந்துவிட்டால் கடையில் இருப்பதில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும்.

நாசிக் சிவப்பு ஒயின்கள் பெரும்பாலும் இளசாகவே விற்பனைக்கு வருபவை. அவற்றில் இறுக்க வண்டல் இருக்காது. ஆகவே உங்களுக்கு வேண்டியது ஆற்றும் பாத்திரம்: அடி அகன்றது, கழுத்து நேரானது. கொள்ளளவு ஒன்றரை லிட்டர் இருக்கட்டும். ஒரு பாட்டில் 750 மி.லி. அதை ஊற்றினால் வயிறு எங்கே மிக அகலமோ அந்தக் கோட்டில் மட்டம் நிற்க வேண்டும். அதற்கு மேலே கழுத்துக்குள் ஏறி நின்றாலும், அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கிடந்தாலும் அந்த அகலத்தால் பயனில்லை.

நேரில் கடைக்குப் போக முடிந்தால் 750 மி.லி. தண்ணீர் ஊற்றித் தரச் சொல்லி ஒற்றைக் கையால் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடியும் திரவமுமாக ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். கழுத்தைப் பிடித்தால் விரல்கள் முழுக்கச் சுற்ற வேண்டும். ஊற்றி நிமிர்த்தியதும் கடைசிச் சொட்டு வெளிப்பக்கமாக வழிகிறதா என்பதையும் கவனியுங்கள். விளிம்பு உருண்டு மழுங்கியிருந்தால் வழியும், சற்றுக் கூர்மையாக வெட்டியிருந்தால் சட்டென அறுந்து நிற்கும். மேசை விரிப்பில் விழும் கறைகளுக்கு இந்த விளிம்புதான் காரணம்.

அன்னமும் பாம்பும் வேண்டாம். அழகுதான், ஆனால் அந்த வளைவுக்குள் பிரஷ் போகாது, துணி போகாது, ஈரம் வெளியே வராது. ஆறு மாதத்தில் உள்ளே பழுப்புக் கோடு விழுந்து அலமாரிக்கு மேலே ஏறிவிடும். காரீயமில்லாக் கிரிஸ்டலோ சாதாரணக் கண்ணாடியோ போதும். ஒயினின் ருசிக்கு இரண்டும் ஒன்றே.

கார்க்கை ஒரு மணி நேரம் முன்னாலேயே திறந்து வைத்துவிட்டால் போதாதா? டிகான்டர் எதற்கு?
*– வாசகி, சென்னை*

போதாது. பாட்டில் கழுத்தின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மி.மீ. காற்றுப் படும் பரப்பு மூன்று சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. 20 செ.மீ. அகல டிகான்டரில் அதுவே 314 சதுர சென்டிமீட்டர், நூறு மடங்குக்கு மேல். டிகான்டர் இல்லையென்றால் அகல வாய் கண்ணாடி ஜாடியில் ஊற்றி வையுங்கள். கார்க்கைத் திறந்து வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

செம்பு, பித்தளைக் கூஜாக்களில் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒயினின் புளிப்பு உலோகத்தைக் கரைக்கும்.

எவ்வளவு நேரம் வைப்பது? ஒருவர் அரை மணி என்கிறார், இன்னொருவர் நான்கு மணி நேரம் என்கிறார். இங்கே அறையிலேயே 32 டிகிரி இருக்கிறது.
*– வாசகர், மதுரை*

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம், உங்கள் ஊரில் அதுதான் நேரத்தைத் தீர்மானிக்கும். சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்க வேண்டும் என்ற வழக்கு ஐரோப்பாவின் குளிர்ந்த கல் வீடுகளில் பிறந்தது. அந்த அறை 16 முதல் 18 டிகிரி. மதுரை அறையில் வைத்தால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். பழவாசம் அதற்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும்.

அதனால் பாட்டிலை முதலில் குளிரவையுங்கள். 30 டிகிரியில் இருக்கும் பாட்டில் ஃப்ரிட்ஜில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் 15 டிகிரிக்கு இறங்கும். அவசரமென்றால் பாதித் தண்ணீர், பாதி ஐஸ் போட்ட வாளியில் கால் மணி நேரம். வெறும் ஐஸ் கட்டி உதவாது, இடையில் தண்ணீர் இருந்தால்தான் குளிர் பாட்டில் முழுக்கப் படும். பிறகு டிகான்டரில் ஊற்றி, அதைக் குளிர்ந்த தண்ணீர் உள்ள அகலப் பாத்திரத்தில் நிறுத்துங்கள். மெல்லிய கண்ணாடியை நேராக ஐஸ் மேல் வைத்தால் விரிசல் விடலாம்.

இனி நேரம். நாசிக் அல்லது நந்திமலைப் பக்கத்து இளம் ஷிராஸ், கேபர்னே வகைகளுக்கு 20 முதல் 30 நிமிடம். இத்தாலியின் பரோலோ, பிரான்ஸின் வடக்கு ரோன் சிரா போன்று துவர்ப்பு மிகுந்தவை இளசாக இருந்தால் ஒன்று முதல் இரண்டு மணி நேரம். பினோ நுவார் போன்ற மென்மையான ஒயினுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. இருபது வயது தாண்டிய சிவப்பு ஒயினை மேசைக்கு வைக்கும்போதுதான் ஊற்ற வேண்டும். அதன் மெல்லிய வாசம் அரை மணியில் பறந்துவிடக்கூடும்.

இதில் பழைய சர்ச்சை ஒன்று உண்டு. பிரான்ஸின் போர்தோ பகுதியின் புகழ்பெற்ற ஒயின் அறிஞர் எமில் பெய்னோ (1912–2004), வண்டல் உள்ளதை மட்டும், அதுவும் கடைசி நிமிடத்தில் இறுத்தால் போதும், காற்றில் வைப்பது வாசனையைக் கலைக்கும் என்றே வாதிட்டார். பழைய ஒயினைப் பொறுத்தவரை அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை. இளம் ஒயினில் நாம் அவரோடு முழுக்க ஒத்துப்போகவில்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் துவர்ப்பு 'கரைந்துவிடுகிறது' என்று விற்பனையாளர்கள் சொல்வதும் சரியல்ல. துவர்ப்புப் பொருள் அப்படியேதான் இருக்கிறது. அடைபட்டிருந்த கந்தக நெடி விலகி, பழவாசம் மேலே வருவதால் துவர்ப்பு நாக்கில் உறைப்பது குறைகிறது.

நீங்களே சோதிக்கலாம். டிகான்டரில் ஊற்றுமுன் ஒரு கிளாஸ் தனியாக எடுத்து, மேலே ஒரு தட்டு போட்டு மூடி வையுங்கள். அரை மணி கழித்து இரண்டையும் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். வித்தியாசமே தெரியவில்லையென்றால் அந்த ஒயினுக்கு டிகான்டர் வேண்டாம். கழுவும் வேலை மிச்சம்.

போர்ச்சுகலிலிருந்து வந்த 2000-ஆம் ஆண்டு விண்டேஜ் போர்ட் ஒரு பாட்டில் இருக்கிறது. அடியில் கறுப்பாகக் கசடு தெரிகிறது. கெட்டுப்போயிற்றா? எப்படி ஊற்றுவது?
*– வாசகர், சிங்கப்பூர்*

கெடவில்லை. விண்டேஜ் போர்ட் என்பது ஒரே ஆண்டு அறுவடையில் செய்து, சாராயம் சேர்த்து வலுவூட்டிய இனிப்பு ஒயின். அது மரப்பீப்பாயில் இரண்டு ஆண்டுகள் போல இருந்துவிட்டு வடிகட்டாமலே பாட்டிலுக்குள் போகிறது. துவர்ப்புப் பொருளும் நிறப்பொருளும் ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, கனம் தாங்காமல் அடியில் படிகின்றன. கூடவே சர்க்கரைத் துகள் போல் மின்னும் படிகம் இருந்தால் அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. நம் புளியின் புளிப்பும் அதே அமிலம்தான். குடித்தால் தீங்கில்லை, ஆனால் பல்லில் மணலாக நெறிபடும், கசக்கும். இது இறுக்க வேண்டிய ஒயின். டிகான்டர் அகலமாக இருக்கத் தேவையில்லை. ஒடுங்கிய ஜாடி போதும், சுத்தமான வெள்ளைக் கண்ணாடியாக இருந்தால் சரி.

பாட்டிலைப் படுக்க வைத்திருந்தால் கசடு ஒரு பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். குடிக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே மெதுவாக நிமிர்த்தி நிறுத்துங்கள். குறைந்தது 24 மணி நேரமாவது வேண்டும். அதன்பின் யாரும் அதைத் தூக்கிப் பார்த்து, லேபிள் படித்து, ஆட்டக் கூடாது. இந்த வித்தை தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கழுத்தைச் சுற்றியுள்ள உறையைப் பாதியாக அல்ல, முழுதாக உரித்துவிடுங்கள். கண்ணாடி வழியே பார்க்க வேண்டுமே. இருபது வயது தாண்டிய கார்க் உதிரும் பதத்தில் இருக்கலாம். திருகாணி வகைத் திறப்பானைவிட, இரண்டு தகடுகளைக் கார்க்கின் இருபுறமும் செருகித் திருகி இழுக்கும் வகை பாதுகாப்பானது. உதிர்ந்தாலும் பதற வேண்டாம்; டிகான்டர் வாயில் எவர்சில்வர் டீ வடிகட்டி ஒன்றை வைத்தால் துகள் நின்றுவிடும்.

மேசையில் மெழுகுவத்தி ஏற்றுவது மரபு. மொபைல் டார்ச்சை ஒரு டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் இன்னும் வசதி, போர்ட் பாட்டிலின் கருங்கண்ணாடியை ஊடுருவ அந்த வெளிச்சம் வேண்டும். பாட்டிலின் தோள் கழுத்தாகக் குறுகும் இடம் விளக்குக்கு நேர் மேலே வரட்டும். டிகான்டரின் உள்சுவரை ஒட்டி, நூல் போல ஊற்றத் தொடங்குங்கள். தொடங்கிவிட்டால் நிமிர்த்தக் கூடாது. ஒருமுறை நிமிர்த்தினால் உள்ளே அலையடித்துக் கசடு முழுக்கக் கிளம்பிவிடும். இரண்டு மூன்று நிமிடம் ஒரே சாய்வில் கை நிற்க வேண்டும்; முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

முக்கால் பங்குக்கு மேல் காலியான பிறகு கழுத்தில் ஊதுவத்திப் புகை போல ஒரு இழை நெளிந்து வரும். அதுதான் முன்னறிவிப்பு. அதன் பின்னால் கறுப்புத் துகள்கள் தோளுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். 40, 50 மி.லி. பாட்டிலில் மிஞ்சும். அந்த நஷ்டத்தை ஏற்காமல் 'இன்னும் ஒரு சொட்டு' என்றால் இரண்டு நாள் காத்திருந்தது வீண். போர்தோ பாட்டில்களில் தோள் உயர்ந்திருப்பதால் கசடு அங்கே தடுக்கி நிற்கும். பர்கண்டி பாட்டிலின் தோள் சரிவானது. அதில் இன்னும் சீக்கிரமே நிறுத்த வேண்டியிருக்கும்.

உங்கள் போர்ட்டை உணவுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் இறுத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். டானி வகைப் போர்ட் பீப்பாயிலேயே வயதாகித் தெளிந்து வருவது. அதற்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது.

திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். டிகான்டரில் ஊற்றினால் போகுமா?
*– வாசகி, பெங்களூரு*

முட்டை, தீக்குச்சி நெடி கந்தகச் சேர்மங்களால் வருவது. அரை மணி ஆற்றினால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் நன்றாகத் துலக்கிய செப்புக் கம்பித் துண்டு ஒன்றைக் கிளாஸில் விட்டு, ஒரு நிமிடம் சுழற்றி எடுத்துவிடுங்கள்; செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈர அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த சாக்கு வாடை என்றால் அது கார்க்கின் கோளாறு. காற்றுப் பட்டால் இன்னும் தூக்கலாகத்தான் தெரியும். காடி வாடையும் போகாது. இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுப்பதே வழி.

தாத்தா காலத்துக் கனமான கிரிஸ்டல் டிகான்டர், மூடியோடு இருக்கிறது. அதில் பிராந்தி ஊற்றி வைக்கலாமா? மூடி வேறு இறுகிக்கொண்டது.
*– வாசகர், கொழும்பு*

ஊற்றி 'வைக்க' வேண்டாம். 1674-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் கிரிஸ்டல் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்று, அதில் காரீய ஆக்சைடு சேர்க்கத் தொடங்கிய காலம் தொட்டு, நெடுங்காலம் நல்ல கிரிஸ்டல் என்றால் காரீயம்தான். ஐரோப்பிய விதிப்படி 'லெட் கிரிஸ்டல்' என்று எழுத 24 சதவீதமாவது இருக்க வேண்டும். நம் வீட்டு ஈயச் சொம்பு வெள்ளீயம். இது வேறு உலோகம், நஞ்சு. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய டிகான்டரில் மாதக்கணக்கில் இருந்த போர்ட்டில் காரீயம் பல மடங்கு ஏறியிருந்தது. பாத்திரத்தில் இருக்கும் நேரம்தான் இங்கே கணக்கு. விருந்தன்று ஊற்றி அன்றே தீர்ப்பதில் கரைவது சொற்பம். அலமாரியில் நிரப்பி வைப்பதுதான் ஆபத்து. பிராந்தியும் விஸ்கியும் டிகான்டரால் மேம்படுவதும் இல்லை.

மூடிக்கு: இணையும் இடத்தில் இரண்டு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். காலையில் வெந்நீரில் பிழிந்த துணியைக் கழுத்தின் வெளிப்புறம் மட்டும் சுற்றி, மூடியை மரக்கரண்டியால் இருபுறமும் மெல்லத் தட்டி, திருகுங்கள். பலம் பிரயோகித்தால் கழுத்து கையோடு வந்துவிடும்.

டிகான்டரின் உள்ளே பழுப்பு வளையமும் வெள்ளைப் படலமும். சோப்பு போட்டும் போகவில்லை. எப்படிக் கழுவுவது, எப்படிக் காயவைப்பது?
*– வாசகி, திருச்சி*

சோப்பை முதலில் நிறுத்துங்கள். அந்த வயிற்றுக்குள் போன சோப்பு முழுதாக வெளியே வருவதில்லை. அடுத்த ஒயினில் எலுமிச்சை வாசனை அடிக்கும். குடித்து முடித்த இரவே வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று முறை அலசினால் வேறொன்றும் தேவையில்லை. (அலசும்போது அடிவண்டல் நீலமாக மாறினால் பயப்பட வேண்டாம். திராட்சை நிறம் காரத்தன்மையுள்ள தண்ணீரில் அப்படித்தான் மாறும்.) கொதிநீர் கூடாது.

பழுப்பு வளையத்துக்கு 100 மி.லி. வெள்ளை வினிகரும் இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசியும் போட்டு, மேலும் கீழுமாகக் குலுக்காமல், வட்டமாகச் சுழற்றுங்கள். அரிசி சுவரைத் தேய்க்கும், கீறாது. ஆற்றுமணல் போட்டுத் தேய்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வெள்ளைப் படலம் போர்வெல் தண்ணீரின் உப்பு. அரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து இரண்டு மணி நேரம் ஊறவிடுங்கள். அதற்கும் அசையாத மங்கல், கண்ணாடியே அரிக்கப்பட்டதன் அடையாளம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டு எடுத்தவற்றில் அதிகம் பார்க்கலாம், அதற்கு மருந்தில்லை. கடைசி அலசலை ஆர்.ஓ. தண்ணீரில் செய்தால் புள்ளி விழாது.

தலைகீழாகக் கவிழ்க்க ஸ்டாண்டு இல்லையென்றால் பக்கெட்டுக்குள் ஒரு துண்டைச் சுருட்டி அணைத்து நிறுத்துங்கள். ஒரு இரவு வடிந்த பிறகும் அடியில் ஈரம் பூத்திருக்கும். பழைய வேட்டித் துணியை மரக்கரண்டிக் காம்பில் சுற்றி ஒற்றியெடுங்கள், அல்லது ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் ஓடவிடுங்கள். மூடி போடாமல் அலமாரியில் நிமிர்த்தி வைக்கவும். கவிழ்த்து வைத்தால் பலகை வாடை உள்ளே தங்கும். அடுத்த முறை ஊற்றுமுன் டிகான்டரை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். ஏதாவது வாடை இருந்தால் அதே ஒயினில் 30 மி.லி. விட்டுச் சுழற்றி, கொட்டிவிட்டுப் பிறகு ஊற்றுங்கள்.

மிச்சமானதை டிகான்டரிலேயே வைக்கலாமா?
*– வாசகர், சேலம்*

கூடாது. பாட்டிலை அலசிக் கவிழ்த்து வைத்திருந்து அதிலேயே திருப்பி ஊற்றி, இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஏற்கனவே காற்றுப் பட்டது என்பதால் மறுநாளே முடித்துவிடுவது நல்லது.